ஹொக்கி கார்ட் சேர்க்க வெளிக்கிடுகிறீர்களா? பக்கற்றை உடைக்க முதல் இதை வாசியுங்கள்

ஒவ்வொரு இலையுதிர் காலமும் ரிம் ஹோர்ட்டன்ஸில் கோப்பி வாங்கப் போனால், காசு கொடுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் மினுங்கும் சின்னப் பக்கற்றுகள் அடுக்கியிருக்கும். அப்பர் டெக் நிறுவனம் 2015 முதல் அந்தக் கடைக்கென்றே அடிக்கும், வீரர்களின் படம் போட்ட ஐஸ் ஹொக்கி கார்ட்டுகள் அவை. ஸ்காபரோவில் எங்கள் வீட்டுக்கு இந்த வருத்தம் அங்கிருந்துதான் தொற்றியது. மகன் ஒன்று கேட்டான், வாங்கிக் கொடுத்தேன், பிறகு பார்த்தால் கோப்பி தேவையில்லாத நாளிலும் நானே வரிசையில் நின்றேன். (ரிம் ஹோர்ட்டன் என்பது ஓர் ஆளின் பெயர், ரொறன்ரோவின் மேப்பிள் லீஃப்ஸ் ஹொக்கி அணியின் தடுப்பு வீரர், 1964 இல் ஹமில்ரனில் முதல் கடையைத் திறந்தவர் என்பதெல்லாம் கனடாவுக்கு வந்து பத்து வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரியும்.)

கார்ட் விற்றுக் காசு பார்க்கும் வழி தேடி வந்திருந்தால் மன்னிக்கவும், அது எனக்கே தெரியாது. நான் வீணாக்கிய முதல் இருநூறு டொலரை நீங்கள் வீணாக்காமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

1. எதைச் சேர்ப்பது என்று முதலில் முடிவெடுங்கள்

என்எச்எல் என்ற வட அமெரிக்க ஹொக்கி லீக்கில் 32 அணிகள். வருடத்துக்கு எத்தனையோ தொகுதிகள், ஒவ்வொன்றிலும் நூற்றுக்கணக்கில் கார்ட்டுகள். எல்லாவற்றையும் சேர்ப்பேன் என்று நின்றால் மூன்றாம் மாதம் சலித்துவிடும், அல்லது வீட்டில் சண்டை வரும். ஒரு அணி, ஒரு வீரர், ஒரு வருடத்துத் தொகுதி என்று ஏதாவது ஒன்றைப் பிடியுங்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் கோல் காப்பாளர்களை மட்டும் சேர்க்கிறார், அந்த முகமூடி ஓவியங்களுக்காக. இன்னொரு நல்ல யோசனை, தெற்காசிய வேர் உள்ள வீரர்களைத் தேடுவது: மனி மல்ஹோத்ரா, ஜுஜார் கைரா போன்றவர்களின் கார்ட்டுகள் பெரும்பாலும் ஒரு கோப்பி விலைக்கே கிடைக்கும். என் மகன் லீஃப்ஸ் பக்கம். 1967 க்குப் பிறகு லீக்கின் கோப்பையைத் தொடாத அணியைப் பிள்ளை தானாகத் தெரிவு செய்தால் பெற்றவர்கள் என்ன செய்ய முடியும்?

2. கார்ட்டை வாசிக்கப் பழகுங்கள்

கார்ட்டைக் கையில் எடுத்தால் முதலில் பின்பக்கத்தைப் பாருங்கள். வருடம், தொகுதியின் பெயர், இலக்கம் எல்லாம் அங்கேதான் இருக்கும். ஒரு பருவம் இரண்டு வருடங்களில் விழுவதால் 2015-16 என்று சேர்த்தே சொல்வார்கள்.

தொடங்குபவர் அறிய வேண்டிய முக்கியமான தொகுதி, அப்பர் டெக்கின் சீரிஸ் ஒன்று, சீரிஸ் இரண்டு. ஒவ்வொன்றிலும் 200 சாதாரணக் கார்ட்டுகள் (இவற்றை பேஸ் என்பார்கள்), அதற்கு மேல் 50 யங் கன்ஸ். யங் கன்ஸ் என்றால் லீக்குக்குப் புதிதாக வந்த வீரரின் அறிமுகக் கார்ட். 1990-91 இல் தொடங்கிய பெயர், இன்று ஹொக்கிக்காரர் எல்லாரும் துரத்துவது இதைத்தான். சீரிஸ் ஒன்றில் யங் கன்ஸ் 201 ஆம் இலக்கத்தில் தொடங்கும், அந்த முதல் இலக்கத்தைப் பெரும்பாலும் அந்த வருடத்து நட்சத்திரத்துக்கு ஒதுக்குவார்கள். 2005-06 இல் சிட்னி குரோஸ்பி 201. 2015-16 இல் கொனர் மெக்டேவிட் 201. அடுத்த வருடம் எங்கள் லீஃப்ஸின் ஓஸ்டன் மத்யூஸும் 201. கொனர் பெடார்ட் 2023-24 இல் சீரிஸ் இரண்டில் வந்ததால் அவருக்கு அங்கே யங் கன்ஸ் தொடங்கும் இலக்கமான 451.

அப்புறம் ஒரே படத்தின் வேறு வேறு பதிப்புகள். யங் கன்ஸில் எக்ஸ்குளுசிவ்ஸ் என்ற வகை நூறு மட்டும் அடிப்பார்கள், ஹை குளோஸ் பத்து மட்டும். கார்ட்டிலேயே 37/100 என்பது போல இலக்கம் பொறித்திருக்கும். 37 என்ற எண்ணுக்குப் பெரிய பெறுமதி இல்லை, கோட்டுக்குப் பின்னால் இருக்கும் எண்தான் விடயம்.

3. பக்கற்றா, தனிக் கார்ட்டா?

இதில் என் கருத்து கொஞ்சம் கடுமையானது: பக்கற் உடைப்பது லொத்தர். சந்தோசமான லொத்தர், ஆனாலும் லொத்தர்தான்.

கணக்கைப் பாருங்கள். ஹொபிக் கடையில் (கார்ட் போன்றவற்றுக்கென்றே இருக்கும் கடை) விற்கும் பெரிய பெட்டி ஒன்றில் சராசரியாக ஆறு யங் கன்ஸ் இருக்கும். தொகுதியில் இருப்பதோ ஐம்பது. உங்களுக்கு வேண்டிய ஒரு வீரர் வர, சராசரியாக எட்டுப் பெட்டிக்கு மேல் உடைக்க வேண்டும். அந்த எட்டுப் பெட்டியின் விலையில் அந்தக் கார்ட்டையே நேரடியாக, அநேகமாகப் பல தடவை வாங்கலாம். நான் முதல் வருடம் இந்தக் கணக்கைப் போடாமல் பெட்டி பெட்டியாக வாங்கினேன். மிஞ்சியது சப்பாத்துப் பெட்டி நிறைய, ஒரே மூன்றாம் வரிசை வீரரின் முகம். அந்த மனிதர் மீது எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை, ஆனால் ஒன்பது பிரதி!

ஆகவே முதல் நாள் இப்படிச் செய்யுங்கள். யங் கன்ஸ் இல்லாத 200 பேஸ் கார்ட்டுகளைத் தொகுதியாக விற்பவர்கள் இருக்கிறார்கள், கனக்கச் செலவில்லை. அதை வாங்கிப் பிள்ளையோடு மேசையில் பரப்பி அணி அணியாகப் பிரியுங்கள். ஆட்களின் பெயர், அணிகளின் நிறம் எல்லாம் ஒரு பின்னேரத்தில் மனதில் ஏறிவிடும். பிறகு பிடித்த நாலைந்து பேரின் யங் கன்ஸைத் தனித்தனியாகத் தேடுங்கள். பக்கற் உடைக்கும் ஆசை வந்தால் பிறந்தநாளுக்கு ஒன்று, நத்தாருக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அயலவர் நிலவறையைத் துப்புரவாக்கி "பழைய கார்ட், பெறுமதியானது" என்று ஒரு பெட்டியை நீட்டினால் வருடத்தைப் பாருங்கள். 1990 களின் தொடக்கம் என்றால் சும்மா தந்தால் மட்டும் வாங்குங்கள். அந்தக் காலத்தில் கார்ட் பொன்னாகும் என்று எல்லாரும் பதுக்க, நிறுவனங்களும் அளவில்லாமல் அடித்துத் தள்ளின. முப்பது வருடம் கழித்தும் அவற்றில் பெரும்பாலானவை டொலரில் அல்ல, சதத்தில்தான் போகின்றன.

4. விலை பார்ப்பது

ஈபேயில் ஒருவர் கேட்கும் விலை அவருடைய ஆசை. விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டும்படி தேடலை மாற்றுங்கள், கடைசி ஐந்தாறு விற்பனையைப் பாருங்கள், அதுதான் விலை. அமெரிக்க டொலரா கனடா டொலரா என்பதையும் கவனியுங்கள். தபால் செலவையும் கூட்டுங்கள், ஐந்து டொலர் கார்ட்டுக்குப் பன்னிரண்டு டொலர் தபாலுக்குக் கொடுத்தவன் சொல்கிறேன்.

5. வடிவாகப் பாருங்கள்

இந்தப் படியில்தான் ஆறுதலாக நிற்க வேண்டும். மேசை விளக்கைப் போடுங்கள். கார்ட்டை ஓரங்களில் பிடித்து, வெளிச்சம் மேலே வழுக்கும்படி சரியுங்கள். நேரே பார்க்கும்போது தெரியாத கீறல், பள்ளம், விரல் அடையாளம் எல்லாம் அப்போது எழும்பி வரும். பிறகு நாலு மூலை: கூராக இருக்கின்றனவா, வெள்ளையாக உரிந்திருக்கின்றனவா? பிறகு ஓரங்கள். கரை போட்ட பழைய கார்ட் என்றால் இடக்கரையும் வலக்கரையும், மேலும் கீழும் ஒரே அகலமா என்று பாருங்கள். அடித்த தாளை வெட்டும்போது சரிந்த கார்ட்டுகள் ஏராளம்.

இப்போது என் கிரெட்ஸ்கி கதை. ஹொக்கியின் மிகப் பெரிய நட்சத்திரமான வெயின் கிரெட்ஸ்கியின் அறிமுகக் கார்ட் 1979-80 இல் வந்தது, ஓ-பீ-சீ தொகுதியில் 18 ஆம் இலக்கம். ஓ-பீ-சீ என்பது ஒன்ராறியோவின் லண்டன் நகரில் இருந்த சுவிங்கம் கம்பனி. நீலக்கரை போட்ட அந்தக் கார்ட்டின் குறையே இல்லாத பிரதி ஒன்று 2020 டிசம்பரில் பத்து லட்சம் அமெரிக்க டொலரைத் தாண்டியது, ஹொக்கி கார்ட் ஒன்று அந்தத் தொகையைத் தொட்டது அதுவே முதல் தடவை. ஐந்து மாதத்தில் 37 லட்சத்து 50 ஆயிரத்துக்குக் கைமாறியது. 2024 இல் சஸ்கச்சுவான் மாகாணத்தின் ரெஜைனாவில் ஒரு வீட்டில் அந்தத் தொகுதியின் உடைக்காத பெரிய பெட்டியே கிடைத்தது: உள்ளே 16 பெட்டிகள், பெட்டிக்கு 48 பக்கற், பக்கற்றுக்கு 14 கார்ட். மொத்தம் 10,752. தொகுதியில் 396 கார்ட் என்பதால் உள்ளே இருபத்தைந்து கிரெட்ஸ்கிக்கு மேல் இருக்கலாம் என்ற கணக்கில் ஏலம் 37 லட்சம் அமெரிக்க டொலரைத் தாண்டியது.

இதையெல்லாம் வாசித்து மண்டை சூடேறியிருந்த காலத்தில், ஒரு ஞாயிறு சந்தையில் நாற்பது டொலருக்கு எனக்கு ஒரு கிரெட்ஸ்கி "அகப்பட்டது". கொண்டுபோய்க் கார்ட் கண்காட்சியில் ஒரு வயதான வியாபாரியிடம் காட்டினேன். அவர் கார்ட்டில் இருந்த முகத்தைப் பார்க்கவே இல்லை. கார்ட்டைப் பக்கவாட்டில் திருப்பி ஓரத்தை மட்டும் பார்த்தார், "கனக்கச் சுத்தமாக இருக்கிறது" என்றார். ஓ-பீ-சீ அந்தக் காலத்தில் கார்ட்டைக் கத்தியால் வெட்டவில்லை, கம்பியால் வெட்டினார்கள். அதனால் உண்மைக் கார்ட்டுகளின் ஓரம் பெரும்பாலும் மட்டையைப் பிய்த்தது போல நார் நாராக இருக்கும். என்னுடையது சவரம் செய்த முகம் மாதிரி இருந்தது. பிறகு பத்து மடங்கு பெருப்பிக்கும் கண்ணாடியைக் கொடுத்து எழுத்தைப் பார்க்கச் சொன்னார். அச்சகத்தில் அடித்த கார்ட்டில் கறுப்பு எழுத்து முழுக் கறுப்பாக நிற்கும். பழைய கார்ட்டை ஸ்கேன் பண்ணி மறுபடி அடித்தால் எழுத்தும் புள்ளி புள்ளியாக உடையும். என்னுடைய கிரெட்ஸ்கியின் பெயர் சின்னம்மை போட்ட மாதிரி இருந்தது.

அந்தக் கண்ணாடி இணையத்தில் பத்துப் பதினைந்து டொலர்தான். கார்ட்டுக்கு முதல் அதை வாங்குங்கள்.

6. பத்திரப்படுத்துவது

இறப்பர் பாண்ட் போடாதீர்கள். போடவே போடாதீர்கள்.

தேவையானவை இரண்டு: ஸ்லீவ் என்ற மெல்லிய பிளாஸ்டிக் உறை, அதன் மேல் போடும் ரொப்லோடர் என்ற கடினமான பிளாஸ்டிக் உறை. முதலில் ஸ்லீவ், பிறகு ரொப்லோடர். வெறும் கார்ட்டை ரொப்லோடருக்குள் தள்ளினால் பிளாஸ்டிக் உரசி முகம் கீறும். கையைக் கழுவித் துடையுங்கள் (பொரித்த றோல்ஸ் சாப்பிட்ட கையோடு என் மச்சான் ஒரு மெக்டேவிட்டைத் தூக்கினது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது). ஸ்லீவின் வாயைப் பெருவிரலால் லேசாக விரித்து, ஒரு மூலையை முதலில் உள்ளே விட்டு, பிறகு மற்றதைச் சாய்த்து இறக்குங்கள். இரண்டு மூலையையும் ஒரே நேரத்தில் தள்ளினால்தான் ஒன்று மாட்டி மடங்கும்.

சாதாரண பேஸ் கார்ட்டுகளுக்கு ஒன்பது அறை கொண்ட அல்பம் பக்கங்கள் போதும், பிவிசி இல்லாதது என்று போட்டிருப்பதை வாங்குங்கள். கார்ட்டை நிலவறைத் தரையில் வைக்காதீர்கள். கோடையில் ஈரம், பனிக்காலத்தில் சூடாக்கியின் காய்ந்த காற்று, இரண்டுக்கும் நடுவில் மினுங்கல் கார்ட்டுகள் அப்பளம் மாதிரி வளையும். படுக்கையறை அலுமாரி நல்ல இடம்.

7. தரச்சான்று

பீஎஸ்ஏ போன்ற நிறுவனங்கள் கார்ட்டைப் பரிசோதித்து ஒன்று முதல் பத்து வரை புள்ளி போட்டு, பிளாஸ்டிக் பேழையில் அடைத்துத் தரும். கட்டணமும் தபாலும் சேர்ந்தால் சாதாரணக் கார்ட்டின் விலையை விடக் கூடிவிடும், ஆகவே முதல் வருடம் இதை மறந்துவிடுங்கள். சான்று இருந்தால் கண்ணை மூடி வாங்கலாம் என்றும் இல்லை. 1991 இல் கிரெட்ஸ்கியே இன்னொருவரோடு சேர்ந்து ஹோனஸ் வாக்னர் என்ற பேஸ்போல் வீரரின், சிகரெட் பக்கற்றோடு வந்த பழைய கார்ட் ஒன்றை 4,51,000 அமெரிக்க டொலருக்கு வாங்கினார். பீஎஸ்ஏ முதன்முதலாகப் புள்ளி போட்டது அந்தக் கார்ட்டுக்குத்தான், எட்டுப் போட்டார்கள். முன்பு ஒரு காலத்தில் அதை விற்ற பில் மாஸ்ட்ரோ, அதன் ஓரங்களைத் தானே வெட்டிச் சீராக்கியதாக 2013 இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார்.

8. மாற்றுவதும் அனுப்புவதும்

மிஞ்சும் பிரதிகளை விற்க அலையாதீர்கள், மாற்றுங்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் மாற்றுவார்கள், வளர்ந்தவர்களுக்கு ரொறன்ரோவில் விமான நிலையப் பக்கம் வசந்தத்திலும் நவம்பரிலும் பெரிய கார்ட் கண்காட்சி கூடும். சில்லறைக் காசும், உங்களிடம் இல்லாத இலக்கங்களின் பட்டியலும் கொண்டுபோங்கள். பட்டியல் இல்லாமல் போனால் இருப்பதையே மறுபடி வாங்கிக்கொண்டு வருவீர்கள். கடைசி நாள் பின்னேரம் போனால் விலை பேச இலகு, மேசைக்காரர் பெட்டியைத் திரும்பத் தூக்கிக்கொண்டு போக விரும்ப மாட்டார்.

தபாலில் அனுப்புவதென்றால் ஸ்லீவ், ரொப்லோடர், அதன் இரண்டு பக்கமும் காட்போட் மட்டை, பிறகு குமிழ் உறை. ரொப்லோடரின் வாயை மூடச் சுவருக்குப் பெயின்ற் அடிப்பவர்கள் ஒட்டும் நீல ரேப்பைப் பாவியுங்கள். கண்ணாடி ரேப் பசை விட்டு, பிரிக்கும்போது கார்ட்டும் சேர்ந்து வரும். நீல ரேப்பின் ஒரு நுனியை உள்ளே மடித்து விடுங்கள், பெறுபவர் நகத்தால் சுரண்டாமல் பிடித்து இழுக்க வசதியாக இருக்கும்.