மலையகத்தில் சைக்கிள் ஓடப் போகிறவர்களுக்கு: மணி ஒன்று வாங்கிக்கொண்டு போங்கள்

ரொறன்ரோவிலிருந்து ஊருக்குப் போகும் எங்கள் ஆட்களின் பயணம் பெரும்பாலும் ஒரே அச்சுதான். கட்டுநாயக்க, வெள்ளவத்தையில் ரெண்டு நாள், நல்லூர்த் திருவிழா, சொந்தக்காரர் வீடு வீடாக ரோல்ஸும் தேத்தண்ணியும், கடைசியில் ஒரு வான் பிடித்து நுவரெலியா, குளிருக்குள் நாலு படம், திரும்பவும் கட்டுநாயக்க. நானும் அப்படித்தான் போய் வந்தேன். பிறகு ஒரு தரம் சைக்கிளோடு மலைக்குப் போனேன், இப்போது நல்லூருக்கு ரெண்டு நாள், மலைக்குப் பத்து நாள் என்று ஆகிவிட்டது. அம்மாவுக்கு இதில் கொஞ்சம் கோபம்.

மலைச் சைக்கிளுக்கென்று வெட்டிய தடங்களை அங்கே எதிர்பார்க்காதீர்கள். இருப்பது தோட்டப் பாதைகள். கொழுந்து லொறி போக கல் பதித்த வழிகள், தேயிலை மலைகளுக்கு நடுவே தண்ணீர்க் கான் ஓரமாக ஓடும் ஒற்றையடிப் பாதைகள், ஆற்றோரம் லயங்களை, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளை, இணைக்கும் மண் ரோட்டுகள். நூற்றைம்பது வருஷமாகச் சனம் நடந்து நடந்து உண்டாக்கிய தடம் இது. ஓட்டத்துக்கு இதைவிட நல்ல தடம் நான் கனடாவில் கண்டதில்லை, ஆனால் அது இன்னொருவர் வேலை செய்யும் இடம், அதை மறந்தால் என்ன நடக்கும் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் காலம். வடக்கில் வளர்ந்தவர்களுக்குச் சோளகம் (தென்மேற்குக் காற்று), வாடை (வடகிழக்குக் காற்று) என்றால் சொல்லி விளக்கத் தேவையில்லை. சோளகம் வீசும் மே முதல் செப்டெம்பர் வரை மேற்குச் சரிவில், அதாவது அட்டன், மஸ்கெலியா, நோர்வூட் பக்கம், மழை கொட்டும். அதே நேரம் மலைக்கு அந்தப் பக்கம், ஊவாவில், அப்புத்தளை, பண்டாரவளை எல்லாம் காய்ந்து கிடக்கும், காற்று மட்டும் ஆளைத் தள்ளும். வாடை காலத்தில் இது தலைகீழ். ஆகவே பள்ளிக்கூட விடுமுறைக்கு ஜூலை, ஓகஸ்டில் போகிறவர்கள் ஊவாப் பக்கம் போங்கள், ஜனவரி முதல் மார்ச் வரை போகிறவர்கள் அட்டன் பக்கம் போங்கள். ஒக்டோபர், நவம்பரில் மத்தியானத்துக்குப் பிறகு இடியும் மழையும், அந்த நேரம் சைக்கிளைக் கொண்டு போகவே வேண்டாம். 2025 நவம்பர் கடைசியில் அடித்த டிட்வா புயல் மலையகத்தைப் பிய்த்துப் போட்டது, பல இடங்களில் ரோட்டும் ரயில் பாதையும் மண்சரிவோடு போயின. பழைய பயணக் குறிப்புகளை நம்பிப் போகாமல், எந்தப் பாதை திறந்திருக்கிறது என்று அங்கேயே கேளுங்கள். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் பிரதேசவாரியாக மண்சரிவு எச்சரிக்கை போடும், மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிலை. மஞ்சள் வந்தாலே நான் அன்றைக்கு ஓடுவதில்லை.

சரி, எங்கே போவது. முதல் தரம் போகிறவர்களுக்கு அப்புத்தளை. டவுனிலிருந்து தம்பேதன்ன தொழிற்சாலை சுமார் 10 கிலோமீற்றர், 1890இல் தேயிலை முதலாளி தோமஸ் லிப்டன் கட்டியது. அங்கிருந்து லிப்டன் சீட் என்ற காட்சி முனைக்கு இன்னும் 7 கிலோமீற்றர் ஏற்றம். விடிய ஐந்தரைக்குத் துணையோடு வெளிக்கிட வேண்டும், ஒன்பது, பத்துக்கெல்லாம் முகில் மேலே ஏறி எல்லாவற்றையும் மூடிவிடும், பிறகு நீங்கள் ஏறியது வெள்ளைச் சுவரைப் பார்க்கத்தான். இறங்கும்போதுதான் கவனம். பள்ளிக்கூடம் தொடங்கும், விடும் நேரங்களில் பிள்ளைகள் வெள்ளைச் சட்டையோடு ரோட்டு முழுக்க நடந்து வருவார்கள்.

கண்டியில் நிற்கிறவர்களுக்கு ஹந்தானை. எங்கள் அப்பா, மாமாமார் கொஞ்சப் பேர் பேராதனையில் படித்தவர்கள், ஹந்தானை என்றதும் அவர்களுக்குக் கதை வரும், அந்த மலைதான். அங்கிருந்து கலஹா, பிறகு லூல்கந்துர. 1867இல் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை நட்ட தோட்டம் அது. பீக்கோ ட்ரெயில் என்று 300 கிலோமீற்றருக்கு மேல், 22 கட்டங்களாக ஒரு நடைபாதை அடையாளப்படுத்தியிருக்கிறார்களே, அதுவும் ஹந்தானையில்தான் தொடங்குகிறது. நடப்பவர்களுக்குச் செய்த பாதை என்பதால் சில துண்டுகளில் சைக்கிள் வழுக்கிக்கொண்டு ஓடும், சில இடங்களில் படிக்கட்டு, தோளில் தூக்க வேண்டியதுதான். முழுவதையும் ஓடி முடிக்க நினைக்காதீர்கள். நடப்பவர்கள் வந்தால் நீங்கள்தான் இறங்கி ஒதுங்க வேண்டும்.

என் மனதுக்குப் பிடித்தது இந்த ரெண்டும் இல்லை, டயகமவிலிருந்து அக்கரப்பத்தனை வழியாகத் தலவாக்கலைக்கு இறங்குகிற பள்ளத்தாக்கு. ஹோட்டன் சமவெளியில் ஊறி வரும் அக்கர ஓயா கூடவே வரும், அது கொத்மலை ஓயாவாகி, மகாவலியில் விழுந்து, கடைசியில் கொட்டியாரக் குடாவில் கடலோடு சேரும். திருகோணமலைக்காரருக்கு அது ஊர்த் தண்ணீர். மெயின் ரோட்டில் தார் இருக்கிறது, ஆனால் அதை விட்டுவிட்டு தோட்டத்துக்குள் திரும்பும் வழிகளைப் பிடித்தால்தான் ருசி.

அங்கேதான் நான் வாங்கிக் கட்டினேன். ஒரு வளைவில் நல்ல வேகத்தில் இறங்கி வந்தால், ரோட்டை அடைத்துக்கொண்டு இருபது, இருபத்தைந்து பெண்கள், கொழுந்து நிறுத்துக்கொண்டிருக்கிறார்கள், தராசு நடு ரோட்டில். பிரேக்கை அமத்தியதில் பின் சில்லு இழுபட்டு கானுக்குள் போய் விழுந்தேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இடுப்பில் படங்கு கட்டிய ஒரு அம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்து கேட்டார்: "ஏன் தம்பி, ஒரு மணி அடிச்சிட்டு வரக்கூடாதா?"

என் சைக்கிளில் மணியே இல்லை. எங்கள் மலைச் சைக்கிள்களில் யார் மணி பூட்டுகிறார்கள்?

"ஓம் அம்மா, பிழைதான்" என்றேன். அந்த "ஓம்" காட்டிக்கொடுத்துவிட்டது. "யாழ்ப்பாணமா நீங்க?" என்று சிரித்துவிட்டு, போகும் வழியையும் அவரே சொன்னார்: இந்தக் கான் ஓரமா போங்க, நாலாம் நம்பர் மலை வரும், அங்கருந்து கோயில் தெரியும், கோயிலுக்குக் கீழ ஸ்டோரு, ஸ்டோர் ரோட்டப் புடிச்சா ஆத்துப் பாலம். என் போனில் இருந்த வரைபடம் அந்த இடத்தில் பாதையே இல்லை என்று காட்டிக்கொண்டிருந்தது. அவர் சொன்னபடி போய் அரை மணித்தியாலத்தில் பாலத்துக்கு வந்துவிட்டேன்.

அன்று பின்னேரமே தலவாக்கலையில் ஒரு சைக்கிள் கடையில் மணி வாங்கிப் பூட்டினேன். கிணுகிணு என்று அடிக்கும் பழைய இரும்பு மணி, இப்போதும் அதுதான்.

வழி கேட்கும்போது ஒன்று தெரிந்திருக்க வேண்டும். பலகையில் தோட்டத்துக்கு ஒரு பெயர் இருக்கும், சனம் சொல்லும் பெயர் வேறாக இருக்கும். மலை என்றால் அங்கே தேயிலைத் துண்டு, ஸ்டோர் என்றால் தொழிற்சாலை. எங்கள் "வாங்கோ, போங்கோ" அவர்களுக்கு விளங்கும், ஆனால் வேகமாகக் கதைத்தால் திரும்பக் கேட்பார்கள். கொழுந்து எடுப்பவர்களைக் கேட்காமல் படம் பிடிக்காதீர்கள், அவர்கள் அன்றைய கிலோவுக்காக ஓடிக்கொண்டிருப்பவர்கள். தோட்டத்துக்குள் புகுமுன் வாசலில் காவலர் நின்றால் இறங்கிச் சொல்லிவிட்டுப் போவது நல்லது, வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

இனி சைக்கிள். பிரேக் விஷயத்தை முதலில் பாருங்கள். கனடாவிலும் ஐரோப்பாவில் பல நாடுகளிலும் இடது கைப் பிரேக் முன் சில்லுக்கு. இலங்கையில் வாடகைக்கு எடுக்கும் சைக்கிளில் அனேகமாக வலது கைதான் முன் சில்லு, லண்டன்காரருக்குப் பழக்கம், எங்களுக்கு இல்லை. ஏறுமுன் ரெண்டையும் ஒவ்வொன்றாகப் பிடித்துத் தள்ளிப் பாருங்கள். நான் கண்டிப் பக்கம் ஒரு கடையில் எடுத்த சைக்கிளில் இதைப் பார்க்காமல் ஏறி, முதல் இறக்கத்திலேயே கைபிடிக்கு மேலால் பறந்தேன், பிரேக் கட்டையும் தேய்ந்து முடிந்த நிலையில் இருந்தது என்பது விழுந்த பிறகுதான் தெரிந்தது.

சொந்தச் சைக்கிளைக் கொண்டு போகிறவர்கள் டிஸ்க் பிரேக் கட்டை ரெண்டு சோடி மேலதிகமாக எடுங்கள், ஈரச் சேறு ஒரு கிழமையில் தின்றுவிடும். 29 அங்குல டயரும் ரியூப்பும் மலையகத்துக் கடைகளில் தேடி அலையாதீர்கள், ஊர்ச் சைக்கிள் அளவுகள்தான் கிடைக்கும். மெல்லிய பிரெஸ்டா வால்வு என்றால் அதற்குப் போடும் சின்னப் பித்தளைத் தலை ஒன்றைச் சாவிக்கொத்திலேயே கோத்து வையுங்கள், பெற்றோல் செட்டில் காற்று அடிக்க அது இல்லாமல் முடியாது. காப்புறுதிப் பத்திரத்தில் மலைச் சைக்கிளை விலக்கியிருக்கிறார்களா என்று பொடி எழுத்தையும் வாசியுங்கள். விழுந்தால் அம்புலன்சுக்கு 1990 என்ற இலக்கத்தை அழையுங்கள், காசு எடுக்க மாட்டார்கள்.

ஆபத்து என்றவுடன் எல்லாரும் சிறுத்தையைக் கேட்கிறார்கள். சிறுத்தை தேயிலைக்குள் இருக்கிறதுதான், விடியற்காலையும் பொழுதுபட்ட பிறகும் தனியாக ஓடாமல் இருந்தால் போதும். நான் பயப்படுவது குளவிக்கு. தோட்டத்தில் குளவி கொட்டி ஆட்கள் ஆஸ்பத்திரிக்குப் போவதும் சாவதும் அடிக்கடி வரும் செய்தி. பெரிய மரங்களில் கூடு தொங்கும், அதன் கீழ் நின்று சத்தம் போடாதீர்கள், வேலை செய்கிறவர்கள் "அந்தப் பக்கம் போகாதீங்க" என்றால் ஏன் என்று கேட்டு நிற்காதீர்கள். ஈரமான பாதையில் அட்டை ஏறும், உப்பும் சவர்க்காரமும் போதும். கவ்வாத்து வெட்டிய, அதாவது செடிகளைக் கட்டையாகத் தறித்த, மலைக்குப் பக்கத்தில் மட்டும் மெதுவாகப் போங்கள், வெட்டிய தேயிலைக் கட்டை ஒவ்வொன்றும் ஈட்டி மாதிரி நிற்கும், அதற்குள் விழுந்தவன் பிறகு சைக்கிள் ஓட மாட்டான். தோட்டத்துக்குக் கீழே ஓடும் நீரோடைத் தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் குடிக்காதீர்கள், மேலே மருந்து அடிக்கிறார்கள்.

காடு வேண்டும் என்கிறவர்களுக்கு நக்கிள்ஸ் மலைத்தொடர். ஹுன்னஸ்கிரியவிலிருந்து கோர்பெட்ஸ் கெப் என்ற கணவாய் ஏறி மீமுரேக்கு இறங்குகிற ரோட்டு கையை நடுங்க வைக்கும். அது பாதுகாக்கப்பட்ட வனம், அனுமதிச்சீட்டு எடுக்க வேண்டும், ரோட்டை விட்டுக் காட்டுக்குள் சைக்கிளைத் திருப்பக்கூடாது. மீமுரே சிங்களக் கிராமம், பத்துச் சிங்களச் சொல்லாவது பழகிக்கொண்டு போங்கள். அங்கிருந்து மகாவலியின் கீழ்ப் பள்ளத்தாக்குக்கு, மகியங்கனை, ரந்தெனிகல பக்கம் இறங்க ஆசைப்பட்டால் பின்னேரம் நாலு மணிக்கு முன் தங்குமிடத்துக்குள் போய்விடுங்கள், அங்கே யானை.

திரும்புவதற்கு முதல் நாள் சைக்கிளைக் கழுவுங்கள், சும்மா தண்ணீர் ஊற்றுவது காணாது. அவுஸ்திரேலியாக்காரருக்கு இது கட்டாயம், டயரில் மண் இருந்தால் விமான நிலையத்தில் வைத்துக்கொள்வார்கள், மற்றவர்களுக்கும் நல்ல பழக்கம்தான். வான் கழுவும் சேர்விஸ் ஸ்டேஷனில் கொடுத்தால் பெடியன்கள் தண்ணீர் பீச்சித் தருவார்கள், ஆனால் அந்த வேகத் தண்ணீரைச் சில்லின் நடுவுக்குள்ளும் பெடல் அச்சுக்குள்ளும் பிடிக்க விடாதீர்கள், கிரீஸ் எல்லாம் போய்விடும். மிச்சத்துக்கு ஒரு பழைய பல்லுத் தூரிகை. போன முறை டயர்ப் பல்லுகளுக்கிடையில் நான் நோண்டி எடுத்தது செம்மண்ணும் ஒரு முழுத் தேயிலை விதையும்.