மாணவிக்குச் சிசுவின் இதயத்துடிப்பைக் கேட்கப் பழக்குதல்

கொழும்பில் காசல் வீதி, டி சொய்சா போன்ற பெரிய மகப்பேற்று வைத்தியசாலைகளின் பிரசவ அறையில் ஆறுதலாகக் கற்பிக்க நேரம் கிடைப்பது அரிது. இருந்தாலும் பிரசவம் பார்க்கப் பழகும் மாணவியிடம், துடிப்பை ஒலியாகக் கேட்கச் செய்யும் டொப்ளர் கருவிக்கு முன், வயிற்றில் வைத்துக் காதால் கேட்கும் கூம்பு வடிவப் பினார்ட் குழலையே கொடுங்கள்.

தாயிடம் அனுமதி கேட்டு, வயிற்றைத் தொட்டு, சிசுவின் முதுகு எந்தப் பக்கம் என்று மாணவியே சொல்லட்டும். குழலை அங்கே வைத்துக் காதால் அழுத்தியதும் கையை எடுத்துவிட வேண்டும். பிடித்திருந்தால் உரசல் சத்தம்தான் கேட்கும். அந்தக் கை தாயின் மணிக்கட்டுக்குப் போகட்டும். தாயின் நாடியைச் சிசுவின் துடிப்பென்று எண்ணிவிடுவதுதான் ஆபத்தான பிழை.

பிரசவ வலி ஒன்று வந்து அடங்கியவுடன் முழு நிமிடம் எண்ண வேண்டும். 15 வினாடி எண்ணி நான்கால் பெருக்கினால் துடிப்பு இறங்குவது தெரியாமலே போய்விடும். வழமையான அளவு நிமிடத்துக்கு 110–160. நீங்களும் தனியே எண்ணுங்கள், ஆனால் மாணவி சொன்ன பிறகே உங்கள் கணக்கைச் சொல்லுங்கள். 110க்குக் கீழே நின்றால் பாடத்தை நிறுத்தி, தாயை இடப்பக்கம் திருப்பி, வைத்தியரை அழையுங்கள்.