பன்னாட்டுத் தொடக்கப் பள்ளிக்குப் பாடத்திட்டம் எழுதுவது எப்படி? ஒரு தண்ணீர் அலகின் வழியே

"அடுத்த ஆண்டு நான்காம் வகுப்புக்கான பாடத்திட்டத்தை நீங்களே தயாரித்துக் கொடுங்கள்." பன்னாட்டுப் பள்ளியில் புதிதாகச் சேர்ந்த ஆசிரியர்கள் பலருக்கு இந்தப் பொறுப்பு திடீரென்று வந்து சேர்கிறது. உடனே வேறொரு பள்ளியின் அட்டவணையை இணையத்திலிருந்து எடுத்து, பள்ளிப் பெயரை மட்டும் மாற்றிவிடத் தோன்றும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அந்த அட்டவணை வேறு குழந்தைகளுக்காக, வேறு ஊரில் எழுதப்பட்டது. உங்கள் வகுப்பில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது அதற்குத் தெரியாது.

எடுத்துக்காட்டுக்குச் சென்னையை வைத்துக்கொள்வோம். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை 1998இல் கார் உற்பத்தியைத் தொடங்கியதிலிருந்து கொரியக் குடும்பங்கள் இந்நகரில் வசிக்கின்றன. ஒரகடத்தில் 2010இல் ரெனோ-நிசான் ஆலை திறக்கப்பட்ட பின் ஜப்பானியக் குடும்பங்களும் பிரெஞ்சுக் குடும்பங்களும் கூடுதலாக வந்தன. ஆகவே இங்குள்ள ஒரு பன்னாட்டுப் பள்ளியின் நான்காம் வகுப்பில் கொரியச் சிறுமியும், மயிலாப்பூர்ச் சிறுவனும், வெளிநாட்டில் வளர்ந்து அண்மையில் ஊர் திரும்பிய தமிழ்க் குழந்தையும் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்திருப்பது இயல்பு. அப்படிப்பட்ட, 22 பேர் கொண்ட கற்பனை வகுப்பு ஒன்றுக்காக எழுதிப் பழகுவோம்.

படி 1: முதலில் குழந்தைகளின் பட்டியல்

பாடங்களின் பெயர்களை எழுதும் முன் ஒரு பெரிய தாளை எடுங்கள். ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு வரி. வீட்டில் பேசும் மொழி, எழுதப் படிக்கத் தெரிந்த மொழி, இதற்கு முன் படித்த நாடு, இன்னும் எத்தனை ஆண்டுகள் இங்கே இருக்கக்கூடும், உடல்நலமும் கற்றலும் சார்ந்த தேவைகள், உணவுக் கட்டுப்பாடு, அந்தக் குழந்தைக்கு உண்மையிலேயே ஆசையுள்ள ஒரு விஷயம் ஆகியவை பத்திகள்.

பேசும் மொழியையும் எழுதப் படிக்கத் தெரிந்த மொழியையும் தனித்தனியே கேட்பது முக்கியம். துபாயில் வளர்ந்த தமிழ்க் குழந்தை வீட்டில் சரளமாகத் தமிழ் பேசும். ஆனால் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாமல் இருக்கலாம். நான்காவது பத்தியையும் விட்டுவிடாதீர்கள். இரண்டு ஆண்டுகளில் சியோலுக்குத் திரும்பப் போகும் குழந்தை அங்கே தன் வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து படிக்க முடிய வேண்டும். அதற்கு நாம் என்ன செய்கிறோம் என்ற கேள்வியைப் பெற்றோர் கேட்கும் முன் நாமே கேட்டுக்கொள்வது நல்லது.

ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கை 1989இல் ஏற்கப்பட்டது. அதன் 29ஆம் பிரிவு, கல்வியானது குழந்தையின் சொந்தப் பண்பாட்டையும் மொழியையும், அது வாழும் நாட்டின் விழுமியங்களையும், அது பிறந்த நாட்டின் விழுமியங்களையும், பிறருடைய நாகரிகங்களையும் மதிக்கக் கற்றுத்தர வேண்டும் என்கிறது. பன்னாட்டுப் பள்ளிக்கு இதைவிடத் தெளிவான வழிகாட்டி எனக்குத் தெரிந்து இல்லை. தாளின் தலைப்பில் இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: சட்டகத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

எந்தப் பாடத்திட்டச் சட்டகத்தைப் பள்ளி பின்பற்றும் என்பதைப் பெரும்பாலும் நிர்வாகம் ஏற்கெனவே முடிவு செய்திருக்கும். ஐ.பி. (இன்டர்நேஷனல் பாக்கலாரியட்) அமைப்பு 1997இல் தொடங்கிய தொடக்கநிலைத் திட்டம், நாம் யார், காலத்திலும் இடத்திலும் நாம் எங்கே இருக்கிறோம், நம்மை எப்படி வெளிப்படுத்துகிறோம், உலகம் எப்படி இயங்குகிறது, நம்மை எப்படி ஒழுங்கமைத்துக்கொள்கிறோம், பூமியைப் பகிர்ந்துகொள்ளுதல் என்ற ஆறு கருப்பொருள்களைச் சுற்றி அமைகிறது. பாடங்கள் இவற்றுக்குள் கலந்து வரும். கேம்பிரிட்ஜ் அமைப்பின் தொடக்கநிலைத் திட்டத்தில் ஆங்கிலம், கணிதம், அறிவியல் என்று பாடவாரியாக ஆறு நிலைகள் உண்டு. எந்த நிலையில் எதைக் கற்க வேண்டும் என்பது விரிவாகத் தரப்பட்டிருக்கும்.

இவற்றுள் எது உயர்ந்தது என்ற விவாதத்தில் நேரத்தைச் செலவிட வேண்டாம். முதலாவதில் கணிதத்தின் படிநிலை வரிசை நழுவாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டாவதில் பாடங்கள் தீவுகளாகப் பிரிந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டமும் உண்டு. உங்கள் பள்ளிக்கு அது எப்படிப் பொருந்துகிறது என்பதைத் தாளாளரிடம் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொண்டு தொடருங்கள்.

படி 3: வாரத்தைப் பங்கிடுங்கள்

சமநிலை என்ற சொல் எல்லாப் பள்ளிகளின் விளக்கக் கையேட்டிலும் இருக்கிறது. அது உண்மையா என்று பார்க்கக் கால அட்டவணையைப் பார்த்தால் போதும். ஒரு நாளைக்கு 40 நிமிடப் பீரியட்கள் எட்டு, வாரத்துக்கு 40 என்று வைத்துக்கொண்டால், நான் இப்படிப் பிரிப்பேன்: ஆங்கிலம் 9, கணிதம் 6, அறிவியலும் சமூகவியலும் சேர்ந்த அலகு (ஒரே கருப்பொருளைச் சில வாரங்கள் தொடரும் பாடத்தொகுதி) நேரம் 8, தமிழ் அல்லது பிரெஞ்சு 4, வீட்டு மொழி 3, ஓவியம் 2, இசையும் நாடகமும் 2, உடற்கல்வி 3, நூலகம் 1, வகுப்பாக வட்டமாக அமர்ந்து பேசும் நேரம் 1. மீதமுள்ள ஒரு பீரியடை எதற்கும் ஒதுக்காதீர்கள். பாதியில் நின்ற பரிசோதனை, முடியாத ஓவியம், தீராத சண்டை எல்லாவற்றுக்கும் அந்த 40 நிமிடம் தேவைப்படும்.

தேர்வு நெருங்கினால் ஓவியத்தையும் உடற்கல்வியையும் கணித ஆசிரியர் கடன் வாங்கும் வழக்கம் நம் ஊரில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. பன்னாட்டுப் பள்ளிகளும் இதற்கு விதிவிலக்கல்ல. கடன் வாங்கிய பீரியட் திரும்பி வருவதே இல்லை. ஆங்கிலம் இன்னும் பிடிபடாத குழந்தைக்கு, தான் கெட்டிக்காரி என்று நாள் முழுவதிலும் உணரக் கிடைக்கும் இடம் அந்த ஓவிய வகுப்பாக இருக்கலாம். ஆகவே ஓவியம், இசை, உடற்கல்வி நேரங்களை வேறு பாடத்துக்குக் கொடுக்கக் கூடாது என்பதைப் பாடத்திட்டத்திலேயே விதியாக எழுதுங்கள். கூடுதல் ஆங்கிலப் பயிற்சிக்காகக் குழந்தையை வெளியே அழைப்பதும் இந்த நேரங்களில் கூடாது.

படி 4: ஓர் அலகை முடிவிலிருந்து எழுதுங்கள்

ஆண்டு முழுவதையும் ஒரே மூச்சில் எழுத முயன்றால் வெறும் தலைப்புகள்தான் மிஞ்சும். ஆறு வார அலகு ஒன்றை மட்டும் எடுத்து முழுமையாக எழுதிப் பாருங்கள். சென்னையில் தண்ணீரைவிடப் பொருத்தமான அலகு கிடைக்காது. 2015 டிசம்பரில் வெள்ளம் புகுந்த நகரம், 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வரவழைத்தது.

முதலில் மையக் கருத்தை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்: "தண்ணீர் எல்லோருக்கும் ஒரே அளவில் கிடைப்பதில்லை, அதை மாற்ற மக்கள் பல வழிகளைக் கண்டிருக்கிறார்கள்." அடுத்து, ஆறாம் வாரக் கடைசியில் குழந்தை எதைச் செய்து காட்டினால் இது புரிந்துவிட்டது என்று நீங்கள் நம்புவீர்கள்? என் விடை இது: பள்ளிக்குள் தண்ணீர் வீணாகும் அல்லது சேமிக்கக்கூடிய ஓர் இடத்தைக் கண்டுபிடித்து, அளந்து, பராமரிப்புப் பொறுப்பாளரிடம் ஒரு யோசனையை முன்வைக்க வேண்டும். இவ்விரண்டையும் முடிவு செய்த பிறகே அன்றாடப் பாடங்களுக்கு வாருங்கள். வரிசை மாறினால், அழகான செயல்பாடுகள் நிறைய இருக்கும். எதற்காக என்பது மட்டும் இருக்காது.

கணிதம் இந்த அலகுக்குள் தானாக வந்து சேரும். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர் தண்ணீர். இதைக் குழந்தைகள் தட்டையான தட்டிலும் அளவுக் குவளையிலும் தாங்களே செய்து உறுதிப்படுத்தட்டும். பிறகு பள்ளிக் கூரையின் ஒரு பகுதியை நாடாவால் அளக்கட்டும். சென்னையின் ஆண்டு மழை சுமார் 1400 மில்லிமீட்டர். 100 சதுர மீட்டர் கூரையில் ஓர் ஆண்டில் விழுவது ஏறத்தாழ 1,40,000 லிட்டர். அந்த எண்ணைக் கரும்பலகையில் பார்த்ததும் வகுப்பில் எழும் கேள்வி, "அவ்வளவும் எங்கே போகிறது?" என்பதுதான். 2003இல் தமிழ்நாட்டில் கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு ஏன் கட்டாயமாக்கப்பட்டது என்பதை அதன் பிறகு விளக்க வேண்டிய அவசியமே இராது. கீழே இறங்கிப் போய்ப் பள்ளியின் மழைநீர்க் குழாய் எங்கே முடிகிறது என்று பார்த்தால் போதும்.

மற்ற நாடுகளும் இதே அலகில் இடம்பெற வேண்டும். சியோலில் மேம்பாலச் சாலையை இடித்து, அதன் கீழே மூடிக் கிடந்த சொங்கேசொன் ஓடையை 2005இல் மீட்டுத் திறந்தார்கள். டோக்கியோவுக்கு வடக்கே கசுகாபேயில் வெள்ளநீரை வாங்கிக்கொள்ள நிலத்தடியில் மாபெரும் சுரங்கங்கள் இருக்கின்றன. கூவம் பற்றிப் பேசும் நாளில் சொங்கேசொன் படத்தையும் அருகில் வைத்துப் பாருங்கள். கொரியக் குழந்தை அன்று வகுப்புக்குத் தகவல் சொல்லும் ஆளாகிவிடுகிறது. சென்னைக் குழந்தைக்குத் தன் ஊர் நதியைப் பற்றி ஒரு நம்பிக்கை பிறக்கிறது.

படி 5: ஒவ்வொரு பாடத்திலும் தடையைத் தேடுங்கள்

உள்ளடக்கிய கல்வி என்பதற்குத் தனி அறை, தனி ஆசிரியர், தனிப் பயிற்சித்தாள் என்றே பலர் பொருள் கொள்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அமெரிக்காவின் காஸ்ட் (CAST) என்ற கல்வி அமைப்பு வளர்த்தெடுத்த பொது வடிவமைப்பு முறை வேறு விதமாகக் கேட்கிறது. ஆர்வம் கொள்ள ஒன்றுக்கு மேற்பட்ட வழி இருக்கிறதா? செய்தியைப் பெற? கற்றதை வெளிப்படுத்த? தடை பாடத்தில் இருக்கிறது, குழந்தையிடம் இல்லை என்பதே இதன் அடிப்படை.

தண்ணீர் அலகின் மூன்றாம் வாரப் பாடம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். முதல் வரைவு இப்படி இருக்கும்: "வடிகட்டுதல் பற்றிய பக்கத்தை வாசித்து, ஐந்து கேள்விகளுக்கு விடை எழுதுக." படி 1 தாளை அருகில் வைத்து யார் வெளியே நிற்கிறார்கள் என்று பாருங்கள். வந்து மூன்று மாதமான கொரியச் சிறுமி. டிஸ்லெக்சியா எனும் வாசிப்புச் சிரமம் உள்ள சிறுவன். ஆட்டிசம் காரணமாகக் கூட்டத்தின் இரைச்சலைத் தாங்க முடியாத குழந்தை. மூன்று பேருக்கும் அறிவியல் புரியும். அவர்களைத் தடுப்பது அந்தப் பக்கமும் அந்த அறையும்.

மாற்றி எழுதுங்கள். அடி வெட்டிய பிளாஸ்டிக் பாட்டிலைத் தலைகீழாக நிறுத்தி, வாயில் பஞ்சு, அதன் மேல் நொறுக்கிய அடுப்புக்கரி, பிறகு மணல், மேலே கூழாங்கல். சேற்று நீரை ஊற்றிப் பார்ப்பதே பாடத்தின் தொடக்கம். எதை முதலில் அடுக்க வேண்டும் என்று ஒவ்வொரு குழுவும் முன்கூட்டியே படமாக வரையட்டும். வாசிப்புப் பகுதியை ஆசிரியர் குரலில் பதிவு செய்து ஹெட்போனில் கேட்கவும் வசதி செய்யுங்கள். இரண்டு பேர் கொண்ட குழுவுக்கு ஒரு மூலை மேசை எப்போதும் உண்டு என்று வைத்தால், அமைதி வேண்டும் குழந்தை சங்கடமின்றி அங்கே போகும். முடிவைப் பெயர் குறித்த படமாகவோ, எழுத்தாகவோ, ஒரு நிமிடப் பேச்சுப் பதிவாகவோ தரலாம். வடிந்த நீர் தெளிவாகத் தெரிந்தாலும் கிருமிகள் போகவில்லை, குடிக்கக் கூடாது என்பதை எல்லா வடிவத்திலும் சொல்லிவிடுங்கள்.

இந்த ஏற்பாடுகள் எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும். டிஸ்லெக்சியா உள்ள சிறுவனுக்கு மட்டும் ஹெட்போன் என்றால் அவன் அதைத் தொடவே மாட்டான். இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாடுகளையும் சேர்த்து 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. பெற்றோரிடம் பேசும் முன் ஒருமுறை அதை வாசித்துவிடுங்கள்.

படி 6: மொழிக்குத் தனித் திட்டம்

மைதானத்தில் ஆங்கிலத்தில் தாராளமாகச் சண்டை போடும் குழந்தை, அறிவியல் வகுப்பில் வாய் திறக்காது. "நன்றாகப் பேசுகிறாளே, எழுதச் சோம்பல்" என்று முடிவு கட்டிவிடுவோம். கனடாவின் ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் இவ்விரண்டையும் 1979இலேயே பிரித்துக் காட்டினார். அன்றாடப் பேச்சு சுமார் இரண்டு ஆண்டுகளில் வந்துவிடும். பாடநூல் மொழி கைவர ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் வரை ஆகலாம். தொடக்கப் பள்ளிக் காலம் முழுவதுமே அதில் கரைந்துவிடும் என்பதால் காத்திருக்க வழியில்லை.

ஒவ்வோர் அலகுக்கும் பத்து முதல் பன்னிரண்டு சொற்கள் கொண்ட பட்டியல் போதும். ஆவியாதல், நிலத்தடி நீர், நீர்த்தேக்கம் போன்ற சொற்களை ஆங்கிலத்தோடு வீட்டு மொழியிலும் குழந்தைகளே எழுதிச் சுவரில் ஒட்டட்டும். அலகு தொடங்கும் முந்தைய வாரம் பெற்றோருக்கு இந்தப் பட்டியலை அனுப்பி, வீட்டில் அவர்கள் மொழியிலேயே இதைப் பற்றிப் பேசச் சொல்லுங்கள். "வீட்டிலும் ஆங்கிலமே பேசுங்கள்" என்று மட்டும் ஒருபோதும் சொல்லாதீர்கள். தாய்மொழியில் புரிந்த கருத்து இரண்டாம் மொழிக்குப் போய்ச் சேரும். எந்த மொழியிலும் புரியாதது எங்கும் போகாது. கொரியச் சிறுமி தன் ஆய்வுக் குறிப்பைக் கொரிய எழுத்தான ஹங்குலில் எழுதிவிட்டு, படத்தின் உதவியோடு ஆங்கிலத்தில் விளக்கினால் அது முழுமையான வேலைதான்.

வீட்டு மொழிக்கான மூன்று பீரியட்களை எல்லா வகுப்புகளுக்கும் ஒரே நேரத்தில் வையுங்கள். அப்போதுதான் வெவ்வேறு வகுப்பிலுள்ள நான்கு ஜப்பானியக் குழந்தைகள் ஒன்றாக உட்கார முடியும். ஒரே ஒருவர் பேசும் மொழி என்றால், பெற்றோர் பதிவு செய்து அனுப்பிய கதையும் அந்த மொழிப் புத்தகங்களும் துணைக்கு வரும்.

படி 7: அலமாரியையும் நாட்காட்டியையும் சோதியுங்கள்

உணவு, உடை, கொடி என்று ஆண்டுக்கு ஒரு பன்னாட்டு நாள் கொண்டாடுவது நல்லதுதான், ஆனால் அது பாடத்திட்டம் ஆகாது. வகுப்பு நூலகத்தை ஒரு மதியம் உட்கார்ந்து பாருங்கள்: கதைகளில் துணிச்சலாக ஏதாவது செய்பவர்கள் எந்த நிறத்தவர், எந்த நாட்டவர், அவர்களில் மாற்றுத்திறனாளி யாராவது உண்டா? கணிதக் கேள்விகளில் வரும் பெயர்களையும் பாருங்கள். தேர்வும் நீண்ட சுற்றுலாவும் பொங்கல், கொரியப் புத்தாண்டான சொல்லால், ரம்ஜான் பெருநாள் ஆகியவற்றின் மேல் விழாதபடி தேதிகளைக் குறியுங்கள். ரம்ஜான் மாதத்தில் நோன்பிருக்கும் மூத்த குழந்தைகள் இருந்தால் உடற்கல்வியைக் காலை முதல் பீரியடுக்கு மாற்றுவது எளிய ஏற்பாடு.

படி 8: மதிப்பெண்ணில் கலப்படம் வேண்டாம்

அறிவியல் மதிப்பீட்டில் ஆங்கிலப் பிழைக்கு மதிப்பெண் குறைக்காதீர்கள். தண்ணீர் அலகுக்கு மூன்று அளவுகோல்கள் போதும்: அளந்தது சரியா, காரணம் சொல்ல முடிகிறதா, யோசனை அந்த அளவீட்டிலிருந்து பிறந்ததா. படமோ பேச்சோ எழுத்தோ, மூன்றும் எல்லோருக்கும் ஒன்றே. அளவுகோலைத் தாழ்த்துவது கருணை ஆகாது. குழந்தைக்கு அது உடனே தெரிந்துவிடும். ஆங்கிலத்தின் வளர்ச்சியைத் தனியே, தனி வரியில் குறியுங்கள்.

அலகு முடிந்த வாரத்தில் ஓவிய, உடற்கல்வி, மொழி ஆசிரியர்கள் உட்பட எல்லோரும் ஒரு மணி நேரம் உட்காருங்கள். படி 1 தாளை எடுத்து, இந்த ஆறு வாரங்களில் யார் ஒருமுறைகூட முன்னால் வந்து எதையும் காட்டவில்லை என்று பெயர் பெயராகப் பாருங்கள். அடுத்த அலகின் முதல் பாடத்தை அந்தப் பெயர்களை மனத்தில் வைத்து எழுதுங்கள்.