கிழிக்காத காலண்டர்

குரூப் 4 தேர்வுக்கு மூன்று முறை டைம்டேபிள் போட்டேன். காலையில் நாலு மணி நேரம், இரவில் இரண்டு. துறைமுகத்தில் ஷிப்ட் வேலை பார்ப்பவனுக்கு இது நடக்கிற கதையா? ஒன்றுகூட ஒரு வாரம் தாண்டவில்லை.

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டில் தவறாமல் நடப்பது ஒன்றுதான்: விடிகாலையில் அடிபம்பில் தண்ணீர் பிடிப்பது. சரி, அதோடு முடிச்சுப் போடுவோம் என்று தோன்றியது. கடைசிக் குடம் நிரம்பியதும் ஐந்து கணக்கு, அப்புறம்தான் டீ. தேர்வின் 200 கேள்விகளில் 25 திறனறிவு, அதாவது கணக்கும் புதிரும். நான் கோட்டை விடுவது அங்கேதான்.

தினசரி காலண்டரின் தாளைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் கணக்கைப் போடுவேன். போட்டதைக் கம்பியில் குத்தி வைப்பேன். உட்காராத நாளில் தாளைத் தொடக்கூடாது. இப்படி இரண்டு நாள் ஓபி அடித்தபோது அம்மா பிடித்துக்கொண்டார்.

"டேய், இன்னிக்கு வெள்ளிக்கிழம. இது இன்னும் புதன்லயே நிக்குது. நான் ராகு காலம் பாக்குறதா வேணாமா?"

அலாரத்தை அணைத்துவிட்டுத் தூங்கலாம், அம்மாவை முடியுமா? அன்று ஒரே மூச்சில் பதினைந்து கணக்கு.

கொருக்குப்பேட்டை தாண்டி ரயில் சிக்னலில் நிற்கும்போது தமிழ்ப் பாடம் படிப்பதும் உண்டு. அது சில நாள்தான்.

மூன்று மாதத்தில் கம்பியில் 81 தாள். சதவீதம் கைக்கு வந்துவிட்டது, கூட்டு வட்டி மட்டும் இன்னும் உதைக்கிறது. நாளைக்கு ஐந்தும் அதில்தான்.