பௌர்ணமி, கடி, ஆல்ஃபா: ஓநாய்க் காதல் கதைகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

12-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மரி த ஃப்ரான்ஸ் என்ற பெண் கவிஞர் ஒரு கதை எழுதினார். இன்றைய பிரான்சின் ஒரு பகுதியான பிரிட்டனியில் ஒரு பிரபு. வாரத்தில் மூன்று நாள் ஆள் காணாமல் போய்விடுவார். எங்கேதான் போகிறீர்கள் என்று மனைவி அரித்தெடுக்கிறாள். கடைசியில் உண்மையைச் சொல்லிவிடுகிறார்: அந்த மூன்று நாளும் நான் ஓநாய். அவள் அதோடு விடவில்லை. அப்போது துணிமணியை என்ன செய்வீர்கள்? அதையும் சொல்கிறார். காட்டோரம் ஒரு பழைய சிற்றாலயம், பக்கத்தில் குடைவான ஒரு கல், அதன் அடியில் ஒளித்துவைப்பேன். துணி தொலைந்தால் மனித உருவம் திரும்பாது. மனைவி, தன்மேல் ஆசைப்பட்டுச் சுற்றிக்கொண்டிருந்த ஒரு வீரனை அனுப்பித் துணியைத் திருடவைத்து, அப்புறம் அவனையே மணந்துகொள்கிறாள். ஓநாயாகவே தங்கிவிட்ட பிரபு ஒரு நாள் வேட்டைக்கு வந்த அரசனின் காலை முத்தமிட்டு அடைக்கலம் தேடுகிறார். பிறகு அரசனைக் காண வந்த மனைவியைப் பார்த்ததும் பாய்ந்து அவள் மூக்கைக் கடித்து எடுத்துவிடுகிறார்.

இந்தக் கதையில் பௌர்ணமி இல்லை, தொற்றும் கடி இல்லை, வெள்ளித் தோட்டா இல்லை. ஒருவன் தன்னிடமுள்ள மிகப் பெரிய ரகசியத்தை இன்னொருத்தி கையில் கொடுக்கிறான். அவள் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வாள்? 800 வருஷமாக இந்த வகைக் கதையை இழுத்துக்கொண்டு வருவது இந்த ஒரு கேள்விதான் என்பது என் எண்ணம். எழுதுபவர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை இந்தக் கேள்வியை மறந்துவிட்டுப் பல்லையும் நகத்தையும் மட்டும் எடுத்துக்கொள்வதால் வருபவை. படிக்காமலே கேலி செய்பவர்கள் சறுக்குவதும் அதே இடத்தில்தான்.

பாராநார்மல் ரொமான்ஸ் (அமானுஷ்யக் காதல் கதை) என்று இன்று நாம் சொல்லும் வகை ஆங்கிலத்தில் 1990-களில் உருப்பெற்று, 2000-களில் வெள்ளமாகப் பெருகியது. இப்போது வாட்பேட் என்ற கதைத்தளத்தில் ஓநாய் மனிதர்களுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. நாகினி சீரியல் பார்த்து வளர்ந்த நமக்கு உருமாற்றம் ஒன்றும் புதிதல்ல. ஆனால் நினைத்த உருவெடுக்கும் இச்சாதாரி நாகம் பெரும்பாலும் பழிவாங்க வரும். ஓநாய் துணை தேடி வருகிறது.

விதி எழுதிவிட்டது, இனி என்ன வேலை?

இந்த வகையின் உயிர்நாடி ‘மேட்’ (துணை) என்ற ஏற்பாடு. விதி ஒருவனுக்கு ஒருத்தியை முன்பே குறித்துவைத்திருக்கிறது. வாசனையிலேயே ஓநாய்க்குத் தெரிந்துவிடும். ஜாதகம் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம், பத்துப் பொருத்தத்தையும் மூக்கே பார்த்துவிடும். கேட்கச் சிறுபிள்ளைத்தனமாக இருக்கலாம். ஆனால் ‘இவன் நாளைக்கு மாறிவிடுவானோ’ என்ற பயத்தை இது அடியோடு எடுத்துவிடுகிறது. நிஜத்தில் யாரும் யாருக்கும் தர முடியாத உத்தரவாதம் அது. அதனால்தான் இனிக்கிறது.

பெரிய குழியும் அங்கேதான் இருக்கிறது. பிணைப்பு வந்துவிட்டது, ஆகவே காதலும் வந்துவிட்டது என்று எழுதிவிடுகிறார்கள். மூன்றாம் அத்தியாயத்தில் அவன் முகர்ந்து பார்த்து ‘என்னுடையவள்’ என்று உறுமுகிறான். நான்காம் அத்தியாயத்தில் அவளுக்கு முழங்கால் நடுங்குகிறது. மீதி முப்பது அத்தியாயமும் யாரோ அவளைக் கடத்துவதிலும் இவன் மீட்பதிலும் போகிறது. இதில் அவள் எந்த இடத்தில் அவனைத் தேர்ந்தெடுத்தாள்? அவன்தான் அவளை எப்போது தேர்ந்தெடுத்தான்? இரண்டையும் விதியே செய்துவிட்டால் இவர்கள் இருவரும் கதையில் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். விதி அவர்களை ஒரே அறையில் கொண்டுவந்து விடட்டும், தப்பில்லை. அப்புறம் இவன் எப்படிப்பட்டவன் என்று அவள் பார்க்க வேண்டும், சண்டை போட வேண்டும், போவதற்கு வழி இருந்தும் போகாமல் இருக்க வேண்டும்.

கனடா எழுத்தாளர் கெல்லி ஆர்ம்ஸ்ட்ராங் 2001-இல் தொடங்கிய தொடரில் இது நன்றாக வந்திருக்கிறது. அந்த உலகத்தில் பெண் ஓநாய் ஒருத்திதான். அவளைக் கடித்து அப்படி ஆக்கியவன் அவள் காதலித்தவனே, அவளைக் கேட்காமல். கடி அங்கே காதல் முத்திரையாக இனிக்கவில்லை. நம்பிக்கைத் துரோகமாக நிற்கிறது. பல வருஷம் கழித்தும் அவள் கோபம் ஆறவில்லை, எழுத்தாளரும் அதை அவசரப்பட்டு ஆற்றவில்லை. மறுபக்கம், ஸ்டெஃபனி மேயரின் ‘ட்வைலைட்’ தொடரை முடித்துவைத்து 2008-இல் வந்த நாவலில் ஓர் ஓநாய் இளைஞனுக்கு அப்போதுதான் பிறந்த குழந்தையோடு பிணைப்பு உண்டாகிறது. அது காதலில்லை, இப்போதைக்குக் காவல் மட்டும்தான் என்று கதைக்குள் விளக்கம் இருக்கிறது. இருந்தும் வாசகர்களில் பலர் நெளிந்தார்கள். தேர்வு செய்யவே வழியில்லாத ஒருவர்மேல் விதியைச் சுமத்தினால் இப்படித்தான் ஆகும். (அவர் பயன்படுத்திய ‘இம்ப்ரின்ட்’ என்ற சொல்லே விலங்கியலில் முதலில் கண்ணில் பட்டதைத் தாயென்று பின்தொடரும் பறவைக்குஞ்சுகளுக்குச் சொல்வது. அதைக் காதலுக்குக் கொண்டுவந்தபோதே ஒரு சிக்கல் கூட வந்துவிட்டது.)

செயலிகளில் அத்தியாயம் அத்தியாயமாகக் காசு கட்டிப் படிக்கும் கதைகளில் ‘ரிஜெக்டட் மேட்’ (நிராகரிக்கப்பட்ட துணை) என்ற வகை கொடிகட்டிப் பறக்கிறது. பெரும்பாலும் கதாநாயகியின் பதினெட்டாவது பிறந்தநாளில் பிணைப்பு தெரியவரும். அவன் ஊரைக் கூட்டிவைத்து ‘உன்னை என் துணையாக ஏற்க மாட்டேன்’ என்பான். அவள் வெளியேறி, வேறு ஆளாகத் திரும்பி வருவாள். இதை மட்டமாகப் பேசுபவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை: விதியையே மீற முடியும் என்று வைத்ததால், இங்கே தேர்வு மறுபடி கதைக்குள் வந்துவிடுகிறது. கோளாறு வேறு இடத்தில். அவமானத்துக்கு இருபது அத்தியாயம் செலவழித்தவர், அவன் மன்னிப்புக் கேட்கும் இடத்தை அரை அத்தியாயத்தில் முடித்துவிடுகிறார். வாசகி இத்தனை பணம் கட்டிக் காத்திருந்தது அவன் தவிப்பதைப் பார்க்கத்தானே? எத்தனை பேர் முன்னால் அவமானப்படுத்தினானோ அத்தனை பேர் முன்னாலும் அவன் தலை குனியட்டும். அப்போதும் அவள் ‘யோசிக்கிறேன்’ என்று சொல்லட்டும்.

ஆல்ஃபா என்றால் அடாவடி இல்லை

கூட்டத்தை அடக்கி ஆளும் தலைவன்தான் ஆல்ஃபா ஓநாய் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்வது எழுதுபவருக்கு உதவும். 1947-இல் ருடால்ஃப் ஷெங்கல் என்பவர் சுவிட்சர்லாந்தின் பாசல் உயிரியல் பூங்காவில் அடைத்துவைத்த ஓநாய்களைப் பார்த்து, ஒன்றையொன்று அடக்கி மேலே வருகின்றன என்று எழுதினார். அமெரிக்க ஆய்வாளர் டேவிட் மெக் 1970-இல் வெளியிட்ட புத்தகம் அதை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. பிறகு அதே மெக் 1986 முதல் கோடைதோறும் கனடாவின் எல்ஸ்மியர் தீவில் காட்டு ஓநாய்களைப் பார்த்தார். 1999-இல் தன் பழைய கருத்தைத் தானே திருத்தி ஒரு கட்டுரை எழுதினார்: காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் ஒரு குடும்பம். முன்னால் நடப்பவை அப்பாவும் அம்மாவும், பின்னால் வருபவை பிள்ளைகள். தலைமைக்கு யாரும் யாரையும் அடித்து வீழ்த்தவில்லை, பிள்ளை பெற்றார்கள், அவ்வளவுதான். தன் பழைய புத்தகத்தை அச்சிடுவதை நிறுத்தும்படி அவரே பதிப்பாளரை வற்புறுத்தினார். 2022-இல் அது நின்றது.

இதைச் சொல்லி ‘அறிவியல்படி உன் கதை தப்பு’ என்று அடிக்க வருபவர்களும் தவறுதான் செய்கிறார்கள். கதையில் வருவது உருமாறும் மனிதன், விலங்கியல் பாடமில்லை. ஆனால் அந்த எல்ஸ்மியர் குடும்பத்தை மனதில் வைத்து எழுதினால் ஆல்ஃபா சட்டென்று சுவாரசியமான ஆள் ஆகிவிடுகிறான். கடைசிக் குட்டி சாப்பிட்டதா என்று பார்க்கிறவன். அடிபட்டவனைத் தூக்கிவருகிறவன். கூட்டத்தில் எல்லோரும் அவனுக்குப் பயப்படுவதைவிட, அவன் எல்லோருக்காகவும் பயப்படுகிறான். பெண்கள் அடாவடிக்காரனைத்தான் ரசிக்கிறார்கள் என்று முடிவுகட்டி, கதாநாயகியின் கையை முறுக்குகிறவனையும் கைபேசியைப் பிடுங்குகிறவனையும் ஆல்ஃபா என்று எழுதுகிறவர்கள், தம் வாசகிகளைச் சரியாகக் கவனிக்கவில்லை. சுவரை உடைக்கும் பலம் உள்ள கை, அவள் கன்னத்தருகில் வந்து அனுமதிக்காக நிற்கிறதே, புத்தகத்தை மூடவிடாமல் வைப்பது அந்த இடம்தான்.

ஃபிஜியில் பிறந்து நியூசிலாந்தில் வளர்ந்த இந்திய வம்சாவளி எழுத்தாளர் நளினி சிங் இதைப் பிடித்துக்கொண்டார். 2006-இல் அவர் தொடங்கிய தொடரில் சிறுத்தையாக மாறுபவர்களும் ஓநாயாக மாறுபவர்களும் உண்டு. அவர்களிடையே தொடுதல் என்பது உரிமை கேட்டுப் பெறுவது. யார் யாரை எவ்வளவு தொடலாம் என்பதற்குச் சொல்லப்படாத ஒரு முறை இருக்கிறது. எதிரில், உணர்ச்சியையே தடைசெய்துவிட்ட ஓர் இனத்துப் பெண். தொடுவது உயிராக இருக்கும் கூட்டத்துக்கும் தொடவே கூடாத கூட்டத்துக்கும் நடுவில் ஒரு விரல் நுனி பட்டாலும் பக்கம் சூடாகிறது.

ரசிகர் புனைவுகளில் 2010 வாக்கில் கிளைத்த ‘ஒமேகாவர்ஸ்’, மனிதர்களையே ஆல்ஃபா, பீட்டா, ஒமேகா என்று உடலளவில் பிரிக்கும் வகை, வேறு சாதி. அதன் உடற்கூறு விதிகளைக் கொண்டுவந்து சாதாரண ஓநாய்க் கதையில் கலந்தால் இரண்டு பக்கத்து வாசகர்களும் முகம் சுளிப்பார்கள்.

பழைய மரபு என்று சொல்லிக்கொள்வது

வெள்ளி ஓநாயைக் கொல்லும், கடித்தால் தொற்றும் என்பதெல்லாம் ஐரோப்பியப் பழங்கதைகளின் ஆதி விதி என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். இவை ஒன்றாகச் சேர்ந்து நம் தலையில் பதிந்ததற்கு 1941-இல் வந்த ஒரு ஹாலிவுட் படமே முக்கியக் காரணம். திரைக்கதை எழுதிய கர்ட் சியோட்மாக், நாஜிகள் வந்தபின் ஜெர்மனியை விட்டு வெளியேறிய யூதர். அந்தப் படத்தில் அடுத்து சாகப்போகிறவர் உள்ளங்கையில் ஒரு நட்சத்திரம் தெரியும். யூதர்கள் அணியவைக்கப்பட்ட நட்சத்திரத்தோடு அதை ஒப்பிட்டுப் பேசுபவர்கள் உண்டு. சரி, அப்படியானால் நிலவும் ஹாலிவுட் சரக்கா? அதுவும் இல்லை. 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே டில்பரியைச் சேர்ந்த ஜெர்வேஸ், இங்கிலாந்தில் நிலவு மாறும்போது மனிதர்கள் ஓநாயாவதை எழுதியிருக்கிறார்.

ஆக, ‘மரபு’ என்று ஒற்றைச் சட்டம் எதுவும் கிடையாது. விதிகளை நீங்களே வைத்துக்கொள்ளலாம். வைத்த விதியை இருபதாம் அத்தியாயத்தில் வசதிக்காக உடைக்காமல் இருந்தால் போதும். மாறுவதற்கு ஒரு விலை இருக்கட்டும்: வலியோ, பசியோ, மறதியோ. நினைத்த நொடியில் நோகாமல் மாறி, நோகாமல் திரும்பினால் அது சட்டை மாற்றுவதுபோல்தான். சட்டை என்றதும் ஞாபகம் வருகிறது, கிழிந்த துணிக்குப் பதில் துணி எங்கிருந்து வந்தது? மரி த ஃப்ரான்ஸ் யோசித்ததைக்கூட நாம் யோசிப்பதில்லை. புலியாக மாறுபவனுக்கு ஓநாயின் கூட்டத்தையும் ஊளையையும் அப்படியே மாட்டிவிடுவதும் இந்தச் சோம்பலில் சேர்த்தி. புலி தனியாகத் திரியும் பிராணி.

உயிரோடிருக்கும் மக்களின் கதை

மேயரின் தொடரில் ஓநாயாக மாறுகிறவர்கள் க்வில்யூட் இனத்தார். அது கற்பனைப் பெயரில்லை. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலக் கடற்கரையில் லா புஷ் என்ற ஊரில் இன்றும் வாழும் சிறிய பழங்குடி. ஓநாய்களிலிருந்து தங்கள் முன்னோர் மனிதர்களாக மாற்றப்பட்டார்கள் என்பது அவர்களின் தோற்றக்கதை. அதாவது ஓநாய் மனிதனானது. மனிதன் கோபம் வந்தால் ஓநாயாவது இல்லை. திசையே தலைகீழ். படம் பார்த்துவிட்டு ஊருக்குப் படையெடுத்தவர்களுக்கு உண்மையைச் சொல்ல, சியாட்டிலில் உள்ள பர்க் அருங்காட்சியகம் அந்த மக்களோடு சேர்ந்து ஓர் இணையதளமே நடத்த வேண்டியிருந்தது. அந்த ஊரின் நிஜக் கவலை சுனாமி. பள்ளிக்கூடமே தாழ்வான கரையில் இருந்தது. மேட்டுக்குப் போக, தேசியப் பூங்காவிலிருந்து ஏறத்தாழ 785 ஏக்கர் நிலம் அவர்களுக்கு 2012-இல்தான் சட்டம் வழியாகக் கிடைத்தது. இன்னோர் அமெரிக்கப் பழங்குடியான நவஹோ மக்களின் ‘ஸ்கின்வாக்கர்’ விஷயம் இன்னும் கூர்மையானது. அது அவர்கள் வாய்விட்டுப் பேசவே தயங்கும், விலங்கு உருவெடுக்கும் தீய சூனியம். அதற்குக் கட்டுமஸ்தான உடம்பு கொடுத்துக் காதலனாக்குவதை அவர்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்று ஒரு நிமிஷம் யோசியுங்கள். ஒரு கூட்டத்தைப் புதிதாகக் கற்பனை செய்ய ஒரு மாலைப்பொழுது போதும்.

எங்கே நிறுத்துவது

காதல் கதைக்கு அமெரிக்காவின் ரொமான்ஸ் எழுத்தாளர் சங்கம் சொன்ன இலக்கணம் சுருக்கமானது: நடுவில் ஒரு காதல், மனநிறைவும் நம்பிக்கையும் தரும் முடிவு. கதாநாயகனைக் கடைசிப் பக்கத்தில் கொன்றால் அது நல்ல நாவலாக இருக்கலாம், ஆனால் அட்டையில் ரொமான்ஸ் என்று போட்டு விற்கக் கூடாது. அதேபோல, துப்பறிதலும் பகையும் முன்னால் நிற்க, காதல் பல புத்தகங்கள் தாண்டி மெல்ல நகர்வது அர்பன் ஃபேன்டஸி. பட்ரீஷியா பிரிக்ஸின், கயோட்டியாக (ஓநாயைவிடச் சிறிய வட அமெரிக்க விலங்கு) மாறும் மெக்கானிக் பெண் அந்தப் பக்கத்து ஆள். அதைக் கையில் எடுத்துப் படித்துவிட்டு ‘காதலே வரவில்லையே’ என்று குறைபட்டுப் பயனில்லை.

செயலிக்கு எழுதுபவர்களுக்கு வேறு தொல்லை. அத்தியாயம் கூடினால் காசு கூடும் என்பதால் சேர்ந்தவர்களைப் பிரித்து, பிரிந்தவர்களைச் சேர்த்து, ஞாபகமறதி வரவழைத்து, ஓர் இரட்டைச் சகோதரியை இறக்குமதி செய்து, 300 அத்தியாயம் ஓட்டுகிறார்கள். எனக்குத் தெரிந்த ஓர் அளவு உண்டு. அவன் தன் மோசமான பாதியை முழுசாகக் காட்டிவிட்டான், அவள் பார்த்தும் போகவில்லை, அவளும் தன்னுடையதைக் காட்டிவிட்டாள். இவை மூன்றும் நடந்த பிறகு மிஞ்சிப்போனால் இரண்டு அத்தியாயம். ஒன்றில் சண்டையை முடித்துவிடுங்கள். இன்னொன்றில் கூட்டத்துக்கே விருந்து வையுங்கள், கடைசிக் குட்டி முதலில் சாப்பிடட்டும்.