ப்ளெண்டரில் கேமரா நகர்வு: எம்ப்டி, கன்ஸ்ட்ரெயிண்ட், ஒரு வரி டிரைவர்

முப்பரிமாண மென்பொருளான ப்ளெண்டரில் மாடல் முடிந்துவிட்டது. அதைச் சுற்றிக் காட்டப் பத்து விநாடி வீடியோ வேண்டும். புதிதாகக் கற்பவர் கேமராவையே பிடித்து, நாலு பக்கமும் நகர்த்தி வைத்து, நாலு கீஃபிரேம் (அந்த ஃபிரேமில் பொருள் எங்கே, எப்படி இருந்தது என்ற பதிவு) போடுவார். ஓட்டிப் பார்த்தால் பொருள் ஓரிடத்தில் பெரிதாகும், ஓரிடத்தில் சிறுக்கும், நடுவிலிருந்து நழுவும்.

இரண்டு கீஃபிரேம்களுக்கு நடுவே கேமராவின் இடத்தையும் திருப்பத்தையும் ப்ளெண்டர் தனித்தனியாகக் கணக்கிடுகிறது. வட்டமாகப் போகவேண்டும் என்பது அதற்குத் தெரியாது. 4 மீட்டர் ஆரத்தில் 90 டிகிரிக்கு ஒரு கீஃபிரேம் வைத்து, இடையே கேமரா நேர்கோட்டில் போனால், பாதி வழியில் அது மையத்திலிருந்து 2.83 மீட்டரில் நிற்கும். கூடுதலாக எட்டு கீஃபிரேம் போட்டாலும் குலுக்கம்தான் கூடும்.

கேமராவுக்கு மூன்று வேலைகள்: எங்கே நிற்பது, எதைப் பார்ப்பது, எந்த லென்ஸில் பார்ப்பது. மூன்றையும் பிரித்து வேறு வேறு பொருள்களிடம் ஒப்படைத்துவிட்டால் கேமராவைக் கையால் தொடவே தேவையில்லை. கீழே வரும் எல்லாமே இந்தப் பிரிவினைதான்.

படிகள் ப்ளெண்டர் 4 வரிசைக்கு எழுதப்பட்டவை. ஒரு குறிப்பு மட்டும் முன்கூட்டியே: டிரைவர் (ஒரு கட்டத்தின் மதிப்பைத் தானாகக் கணக்கிட்டுத் தரும் சூத்திரம்) வரிகளில் வரும் ஃபிரேம், பை, சைன், வார் ஆகிய சொற்களை இங்கே தமிழில் தந்திருக்கிறோம். ப்ளெண்டரில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடியுங்கள். ஃபிரேமுக்கு எஃப், ஆர், ஏ, எம், இ. பைக்கு பி, ஐ. சைனுக்கு எஸ், ஐ, என். வாருக்கு வி, ஏ, ஆர். பெரிய எழுத்தில் அடித்தால் பிழை வரும்.

முதலில் தூரம்

எடுத்துக்காட்டுக்கு 1 மீட்டர் உயரமுள்ள நாற்காலி மாடல் ஒன்றை வைத்துக்கொள்வோம். அது தரையில், ஆதிப்புள்ளியில் நிற்கிறது. கேமராவை எவ்வளவு தள்ளி வைப்பது என்பதைக் கண்ணால் அளக்க வேண்டாம், கணக்குப் போடலாம்.

ப்ளெண்டர் கேமராவின் இயல்பான ஃபோகல் லெங்த் (லென்ஸின் குவியத் தூரம்) 50 மிமீ, சென்சார் அகலம் 36 மிமீ. படம் 16க்கு 9 என்ற விகிதத்தில் இருந்தால் சென்சாரின் உயரம் 20.25 மிமீ. பொருளின் உயரத்தை ஃபோகல் லெங்த்தால் பெருக்கி 20.25ஆல் வகுத்தால், சட்டத்தை மேலும் கீழும் தொடும் தூரம் கிடைக்கும். நம் நாற்காலிக்கு அது சுமார் 2.5 மீட்டர். ஆனால் சட்டத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கும் பொருள் அழகாக இராது. அது சுற்றும்போது ஒரு கால் கேமராவுக்கு அருகில் வந்து பெரிதாகவும் தெரியும். 4 மீட்டரில் வைத்தால் நாற்காலி சட்ட உயரத்தில் ஏறக்குறைய 62 சதவீதத்தை எடுத்துக்கொள்ளும். அதுவே போதும்.

தூரம் குறைவு என்று 24 மிமீ லென்ஸுக்குத் தாவாதீர்கள். அகல லென்ஸை வைத்துக்கொண்டு நெருங்கினால் முன்கால்கள் பருத்து, பின்கால்கள் சூம்பித் தெரியும். பொருளைக் காட்டும் படத்துக்கு 50 முதல் 85 மிமீ வரை நல்லது.

சுற்றும் கேமரா

1. ஷிஃப்ட் + ஏ அழுத்தி, எம்ப்டி (படத்தில் தெரியாத வெற்றுப் பொருள்), பிளெயின் ஆக்ஸிஸ் எடுங்கள். இடம் 0, 0, 0. எஃப்2 அழுத்தி ‘மையம்’ என்று பெயரிடுங்கள்.

2. இன்னொரு எம்ப்டி. இடம் 0, 0, 0.5, அதாவது நாற்காலியின் நடு உயரம். இதன் பெயர் ‘நோக்கு’.

3. கேமராவைத் தேர்ந்தெடுத்து, ‘என்’ எழுத்தை அழுத்தினால் திறக்கும் பலகையில் இடத்தை 0, -4, 1.2 என்று கொடுங்கள்.

4. முதலில் கேமராவையும், பிறகு ஷிஃப்ட் பிடித்தபடி மையத்தையும் சொடுக்குங்கள். கண்ட்ரோல் + பி (பேரண்ட் என்பதன் முதலெழுத்து), அதில் ஆப்ஜெக்ட் கீப் டிரான்ஸ்ஃபார்ம். இப்போது கேமரா மையத்தின் பிள்ளை, அதோடு சேர்ந்தே நகரும். வரிசை மாறினால் மையம் கேமராவுக்குப் பிள்ளையாகிவிடும். பிறகு மையத்தைச் சுழற்றினாலும் கேமரா அசையாது.

5. கேமராவை மட்டும் தேர்ந்தெடுத்து, கன்ஸ்ட்ரெயிண்ட் (பொருளின் இடத்தையோ திருப்பத்தையோ கட்டுப்படுத்தும் விதி) தாவலில் ட்ராக் டூ சேருங்கள். டார்கெட் நோக்கு. ட்ராக் ஆக்ஸிஸ் மைனஸ் இசட், அப் ஒய். ப்ளெண்டர் கேமரா தன்னுடைய மைனஸ் இசட் அச்சு வழியாகத்தான் பார்க்கிறது. இந்த இரண்டில் ஒன்று தவறினால் கேமரா வானத்தையோ தரையையோ பார்த்து நிற்கும்.

நம்பேட் 0 அழுத்தி கேமரா வழியாகப் பாருங்கள். மையத்தைத் தேர்ந்து, ஆர், இசட் அழுத்திச் சுட்டியை அசைத்தால் நாற்காலி நடுவிலேயே நின்றபடி சுற்றும். தூரம் மாறாது. நோக்கை மையத்துக்குப் பிள்ளையாக்காமல் தனியாக விட்டதற்குக் காரணம், பின்னால் அதை மட்டும் மேலும் கீழும் நகர்த்தி, சுற்றிக்கொண்டிருக்கும்போதே பார்வையை நாற்காலியின் முதுகுப் பக்கம் உயர்த்தலாம்.

சுற்றவைக்கும் ஒரு வரி

மையத்தின் ரொட்டேஷன் இசட் கட்டத்தில் இரட்டைச் சொடுக்கு செய்து, உள்ளே இருப்பதை அழித்துவிட்டு, இதை அடித்து எண்டர் தட்டுங்கள்:

#(ஃபிரேம் - 1) * 2 * பை / 250

ஹேஷ் குறியில் தொடங்கியதால் ப்ளெண்டர் இதை எண்ணாக அல்லாமல் டிரைவராக எடுத்துக்கொள்ளும். கட்டம் ஊதா நிறமாகும். ஊதா ஆகவில்லை என்றால் வரி ஏறவில்லை என்று பொருள். ஊதா ஆகியும் மையம் சுற்றவில்லை என்றால் வரியில் எழுத்துப்பிழை இருக்கக்கூடும்.

கட்டத்தில் கோணம் டிகிரியில் தெரிந்தாலும் டிரைவர் கணக்கு ரேடியனில் நடக்கிறது. முழுச் சுற்று என்பது 2 * பை, சுமார் 6.283. பழக்கத்தில் 360 என்று எழுதினால் அதே பத்து விநாடியில் கேமரா 57 சுற்றுக்கு மேல் சுற்றித்தள்ளும். தொடங்குபவர்கள் டிரைவரில் எளிதில் செய்துவிடும் தவறு இது.

ஒன்றைக் கழிப்பது ஏன்? டைம்லைன் 1இல் தொடங்கி 250இல் முடிகிறது. கழித்தால் ஃபிரேம் 1இல் கோணம் பூஜ்யம், 251இல் முழுச் சுற்று. 251 ரெண்டர் (இறுதிப் படமாக) ஆவதில்லை. அதனால் 250க்கு அடுத்து 1 வரும்போது சுழற்சி ஒட்டுத் தெரியாமல் தொடரும். இதையே கீஃபிரேமில் செய்பவர்கள் 1இல் பூஜ்யமும் 250இல் 360உம் வைத்துவிடுவார்கள். 250உம் 1உம் ஒரே படம் என்பதால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு ஃபிரேம் நிற்கும். கண் அதை உடனே பிடித்துவிடும். கீஃபிரேம்தான் வேண்டும் என்றால் இரண்டாவதை 251இல் வையுங்கள். பிறகு கிராஃப் எடிட்டரில் ஏ அழுத்தி எல்லாவற்றையும் தேர்ந்து, டி (டைம் என்பதன் முதலெழுத்து), லீனியர். இயல்பான பெஸியர் விட்டால் தொடக்கத்திலும் முடிவிலும் வேகம் குறைந்து, சுழற்சி மூச்சு வாங்குவதுபோல் இருக்கும்.

முழுச் சுற்று வேண்டாம், முன்பக்கத்தில் இடமும் வலமும் மெல்ல ஊசலாடினால் போதும் என்றால்:

#சைன்((ஃபிரேம் - 1) * 2 * பை / 250) * 0.5

0.5 ரேடியன் என்பது ஏறத்தாழ 28.6 டிகிரி. இரு பக்கமும் அவ்வளவு போய்த் திரும்பும். ஓரங்களில் தானாகவே வேகம் குறைந்து திரும்புவது சைனின் குணம். அலங்காரப் பொருள்களுக்கும் பின்பக்கம் மாடல் செய்யாத பொருள்களுக்கும் முழுச் சுற்றைவிட இது பொருத்தம் என்பது எங்கள் கருத்து.

பாதை வழியே போகும் கேமரா

இதற்கு இரண்டாவது கேமரா ஒன்றைச் சேருங்கள். முதல் அமைப்பைக் கலைக்க வேண்டாம். ஷிஃப்ட் + ஏ, கர்வ், பெஸியர். டேப் அழுத்தி எடிட் மோடில் ஒரு முனையை நாற்காலியிலிருந்து 6 மீட்டரிலும், மறுமுனையை 2.4 மீட்டரிலும் வையுங்கள். புள்ளிகளைத் தேர்ந்து, வி, ஆட்டோமேட்டிக். முனை மடிந்திருந்தால் அந்த இடத்தில் கேமரா வெட்டித் திரும்பும்.

புதிய கேமராவைத் தேர்ந்து ஆல்ட் + ஜி, ஆல்ட் + ஆர். இதை மறந்தால், கேமராவின் பழைய இடம் பாதையோடு கூட்டப்பட்டு, அது பாதைக்குப் பக்கத்தில் எங்கோ மிதக்கும். பிறகு ஃபாலோ பாத் கன்ஸ்ட்ரெயிண்ட் சேர்த்து, டார்கெட்டில் கர்வைக் கொடுத்து, ஃபிக்ஸ்டு பொசிஷனை டிக் செய்யுங்கள். ஆஃப்செட் ஃபாக்டர் கட்டம் வரும். பாதையின் தொடக்கம் 0, முடிவு 1. ஃபிரேம் 1இல் 0 கொடுத்து, சுட்டியைக் கட்டத்தின் மேல் வைத்து ஐ அழுத்துங்கள். ஃபிரேம் 144இல் 1 கொடுத்து மீண்டும் ஐ. விநாடிக்கு 24 ஃபிரேமில் இது 6 விநாடி. இங்கே பெஸியரையே விடுங்கள். ஓரிடத்திலிருந்து கிளம்பி ஓரிடத்தில் நிற்கும் நகர்வுக்கு மெல்லத் தொடங்கி மெல்ல முடிவதே இயல்பு.

இப்போது ட்ராக் டூ சேருங்கள், டார்கெட் நோக்கு. கன்ஸ்ட்ரெயிண்டுகள் மேலிருந்து கீழாகக் கணக்கிடப்படும். ஃபாலோ பாத் மேலே, ட்ராக் டூ கீழே இருக்கவேண்டும். மாற்றி வைத்தால், கேமரா பாதைக்குப் போகும் முன்பே திசையைத் தீர்மானித்துவிட்டு, போன இடத்தில் நாற்காலியை விட்டு வேறெங்கோ பார்க்கும். கேமரா தவறான முனையிலிருந்து கிளம்பினால் கர்வின் எடிட் மோடில் வலச் சொடுக்கில் ஸ்விட்ச் டைரக்‌ஷன்.

பாதை நோக்கின் நேர் மேலே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உச்சியைக் கடக்கும் கணத்தில் ட்ராக் டூ கேமராவைச் சட்டென்று 180 டிகிரி திருப்பிவிடும். தவிர்க்க முடியாவிட்டால் டாம்ப்டு ட்ராக் பயன்படுத்தலாம். அது திடீரென்று திரும்பாது, ஆனால் படம் சற்றே சாயக்கூடும்.

லென்ஸையும் டிரைவரிடம் கொடுங்கள்

கேமரா நெருங்கும்போது நாற்காலியின் அளவு மாறாமல், பின்புலம் மட்டும் விரிந்தால் எப்படி இருக்கும்? ஃபோகல் லெங்த் தூரத்துக்கு நேர்விகிதத்தில் குறைந்தால் அது நடக்கும். கையால் கீஃபிரேம் போட்டால் நடுவில் அளவு அலைபாயும். டிரைவரில் ஒரு நிமிட வேலை.

இரண்டாவது கேமராவின் ஃபோகல் லெங்த்தில் வலச் சொடுக்கு, ஆட் டிரைவர். வகை ஸ்கிரிப்டட் எக்ஸ்பிரஷன். கீழே வார் என்ற மாறியின் வகையை டிஸ்டன்ஸ் என்று மாற்றி, இரண்டு பொருள்களாக அந்தக் கேமராவையும் நோக்கையும் கொடுங்கள். எக்ஸ்பிரஷன்:

வார் * 10

5 மீட்டரில் 50 மிமீ, 6 மீட்டரில் 60, 2.4 மீட்டரில் 24. அளவு அப்படியே நிற்கும். நாற்காலி பெரிதாகத் தெரியவேண்டும் என்றால் 10ஐ 12 ஆக்குங்கள்.

டெப்த் ஆஃப் ஃபீல்டை (பொருள் கூர்மையாகவும் மற்றவை மங்கலாகவும் தெரிவது) இயக்கினால் ஃபோகஸ் ஆன் ஆப்ஜெக்டில் நோக்கையே கொடுத்துவிடுங்கள். தூரம் எவ்வளவு மாறினாலும் கூர்மை பொருளில் நிற்கும்.

கை நடுக்கம்

கையில் பிடித்துப் படமெடுத்ததுபோல் வேண்டும் என்று பலரும் கேமராவின் ரொட்டேஷனில் நாய்ஸ் மாடிஃபையர் சேர்க்கிறார்கள். ஒன்றும் நடக்காது. ட்ராக் டூ அந்தத் திருப்பத்தை மேலெழுதிவிடுகிறது. நடுக்கத்தை நோக்கிடம் கொடுங்கள். நோக்கின் இடத்துக்கு ஒரு கீஃபிரேம் போட்டு, கிராஃப் எடிட்டரில் எக்ஸ், இசட் வரிகளுக்கு என் பலகையின் மாடிஃபையர்ஸ் தாவலில் நாய்ஸ் சேருங்கள். ஸ்கேல் 40, ஸ்ட்ரெங்த் 0.03. இயல்பான ஸ்கேல் 1இல் விட்டால் ஃபிரேமுக்கு ஃபிரேம் அதிரும். இரண்டு வரிகளுக்கும் ஃபேஸ் எண் வேறாக இருக்கட்டும், இல்லையென்றால் படம் சாய்கோட்டில் மட்டும் ஆடும்.

ஓட்டிப் பார்த்து, ரெண்டர் செய்ய

இரு கேமராக்களையும் ஒரே வீடியோவில் சேர்க்க, டைம்லைனில் வெட்டு வரவேண்டிய ஃபிரேமில் நின்று எம் அழுத்தி மார்க்கர் வையுங்கள். வேண்டிய கேமராவைத் தேர்ந்து, சுட்டியை டைம்லைன் மேல் வைத்து கண்ட்ரோல் + பி (இந்த பி பைண்ட் என்பதன் முதலெழுத்து, முன்பு வந்த பேரண்ட் பி அல்ல). முதல் கேமராவுக்கும் ஃபிரேம் 1இல் ஒரு மார்க்கர் தேவை. பாதைக் கேமராவுக்கு வெட்டும் ஃபிரேம் 1ஆக இல்லையென்றால், அதன் இரண்டு கீஃபிரேம்களையும் அவ்வளவு தூரம் வலப்பக்கம் தள்ளுங்கள்.

முழு ரெண்டருக்கு முன் வியூ மெனுவில் வியூபோர்ட் ரெண்டர் அனிமேஷன் கொடுத்து வேகத்தைப் பாருங்கள். விநாடிக்கு 24 ஃபிரேமில், ஓர் ஓரத்தில் இருக்கும் பொருள் மறு ஓரத்துக்குப் போக 7 விநாடியாவது ஆகட்டும் என்பது ஒளிப்பதிவாளர்களின் கைக்கணக்கு. அதைவிட வேகமாகக் கேமரா திரும்பினால் படம் வெட்டி வெட்டித் தெரியும். வேகம் அவசியம் என்றால் மோஷன் ப்ளரை (அசைவை மங்கலாக்கிக் காட்டுவது) இயக்குங்கள். ஷட்டர் 0.5 என்பது விநாடியில் 48இல் ஒரு பங்கு, சினிமாவில் பழகிய அளவு. வெளியீட்டை நேரடியாக வீடியோவாக எடுக்காமல் பிஎன்ஜி படங்களாக எடுங்கள். 180ஆவது ஃபிரேமில் மின்சாரம் போனாலும் அதிலிருந்தே தொடரலாம்.

கேம் எஞ்சினுக்கு அனுப்புவதாக இருந்தால் டிரைவரும் கன்ஸ்ட்ரெயிண்டும் கூடவே போகமாட்டா. ஆப்ஜெக்ட், அனிமேஷன், பேக் ஆக்‌ஷன் எடுத்து, விஷுவல் கீயிங், கிளியர் கன்ஸ்ட்ரெயிண்ட்ஸ், கிளியர் பேரண்ட்ஸ் மூன்றையும் டிக் செய்யுங்கள். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கீஃபிரேம் விழும். பிறகு கிராஃப் எடிட்டரில் ரொட்டேஷன் இசட் வரியைப் பாருங்கள். 179 டிகிரியிலிருந்து -179க்கு ஒரே ஃபிரேமில் செங்குத்தாக விழுந்திருந்தால், மோஷன் ப்ளரில் அந்த ஒரு படம் மட்டும் முழுச் சுற்று சுற்றியதுபோல் கலங்கிப்போகும். எல்லாக் கீஃபிரேம்களையும் தேர்ந்து, கீ மெனுவில் யூலர் ஃபில்டரைக் கொடுத்தால் வரி தொடர்ச்சியாக ஏறும்.