பிக்கப்பின் முன்பக்கம் நடுங்கினால் எங்கே தேடுவது

முன்பக்கம் நடுங்குகிறது என்று வண்டியைக் கொண்டுபோய் விட்டால் பெரும்பாலும் கிடைக்கும் முதல் பதில், ‘பேலன்ஸும் அலைன்மென்டும் பார்த்துவிடலாம்’ என்பதுதான். பேலன்ஸ், அதாவது சக்கரத்தைச் சுற்றி எடையைச் சமன்செய்வது, சரி. அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணம், தப்பியிருந்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயரின் ஓரம் தேயும், ஆனால் அது மட்டுமே நடுக்கத்தைக் கொண்டுவருவது அபூர்வம். அதிலும் ஏதோ ஒரு ஜாயின்ட் ஆட்டம் கண்டிருக்கும்போது அலைன்மென்ட் பார்த்தால், வைத்த அளவு அடுத்த பள்ளம் வரைக்கும்கூட நிற்காது. அதனால் எந்தப் பாகத்தையும் வாங்குவதற்கு முன் வண்டியை ஒருமுறை ஓட்டிப் பார்த்து, எப்போது நடுங்குகிறது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். குறிப்பிட்ட வேகத்திலா, பிரேக் பிடிக்கும்போதா, மேடு பள்ளத்தில் ஏறி இறங்கியதுமா, அக்ஸிலரேட்டரை மிதிக்கும்போதா? பாதி வேலை இதிலேயே முடிந்துவிடும்.

மணிக்கு 80 கிலோமீட்டரைத் தாண்டியதும் ஆரம்பித்து, 100, 110 வாக்கில் உச்சத்துக்குப் போய், அதற்கு மேல் கொஞ்சம் அடங்குகிறது என்றால் சந்தேகம் சக்கரத்தின் மேல்தான். பிக்கப் டயரின் சுற்றளவு ஏறக்குறைய 2.4 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 100 கிலோமீட்டர் வேகத்தில் அது விநாடிக்குப் பதினோரு தடவைக்கு மேல் சுற்றுகிறது. 16 அங்குல ரிம்மின் ஓரத்தில் வெறும் 30 கிராம் எடை குறைந்தாலும், அந்த வேகத்தில் சுமார் 3 கிலோ பளுவை மாட்டி விநாடிக்குப் பதினோரு தடவை சுண்டி இழுக்கிற மாதிரிதான். பேலன்ஸுக்காக ரிம்மில் ஒட்டியிருந்த வெயிட் விழுந்த பசைத் தடம் தெரிகிறதா என்று பாருங்கள். ரிம்மின் உள்பக்கத்தையும் எட்டிப் பாருங்கள், சேற்றில் போய்வந்த வண்டி என்றால் கை அளவு மண் காய்ந்து அப்பிக்கொண்டிருக்கும். அதைத் தட்டிக் கழுவினாலே சரியாகிவிடுகிற வண்டிகள் நிறைய உண்டு.

மண்ணும் இல்லை, வெயிட்டும் இருக்கிறது என்றால் முன் சக்கரங்களைப் பின்னாலும் பின் சக்கரங்களை முன்னாலும் அந்தந்தப் பக்கத்திலேயே மாற்றிப் போட்டு அதே ரோட்டில் ஓட்டுங்கள். ஸ்டியரிங்கில் இருந்த நடுக்கம் இப்போது சீட்டுக்கு அடியில் வந்துவிட்டால் குற்றவாளி டயர் அல்லது ரிம். பிறகு சந்தேகப்படுகிற சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, டயரை ஒட்டி ஒரு குச்சியை அசையாமல் நிறுத்தி மெதுவாகச் சுற்றினால், இடைவெளி கூடிக் குறைவது கண்ணுக்கே தெரியும். ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் ஏறி இறங்கினால் எத்தனை தடவை பேலன்ஸ் செய்தாலும் அது ஒழுங்காக ஓடாது. டயரின் மேல் உள்ளங்கையை வைத்துத் தடவும்போது ஓரிடத்தில் புடைப்பு தட்டுகிறதா? 30, 40 கிலோமீட்டர் வேகத்திலேயே வண்டி வாத்து நடை நடக்கிறதா? அப்படியென்றால் உள்ளே கம்பி அடுக்கு பிரிந்திருக்கிறது. அந்த டயரோடு வேகமாகப் போகாதீர்கள், உடனே மாற்றுங்கள்.

அக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது மட்டும் நடுங்கி, விட்டதும் அடங்கினால் டயரை விட்டுவிட்டு, முன் சக்கரங்களை இன்ஜின் சுழற்றும் வண்டியில் ஆக்ஸில் ஷாஃப்டின் உள்பக்க ஜாயின்ட்டையும், நான்கு சக்கர ஓட்டம் உள்ள வண்டியில் முன்பக்க புரொப்பெல்லர் ஷாஃப்டின் கிராஸையும் (சிலுவை வடிவ ஜாயின்ட்) பாருங்கள்.

பிரேக்கில் நடுக்கம் என்றால் ‘டிஸ்க் வளைந்துவிட்டது’ என்பார்கள். உண்மையில் டிஸ்க் வளைவதை விட, அதன் கனம் இடத்துக்கு இடம் மாறிப்போவதுதான் அதிகம். அதற்கு ஒரு காரணம் பலர் கவனிக்காதது: ஹப்புக்கும் (சக்கரமும் டிஸ்க்கும் மாட்டப்படும் நடுப்பாகம்) டிஸ்க்குக்கும் நடுவே இருக்கிற துரு. அந்த இடத்தில் ஒரு மெல்லிய துருச் செதில் சிக்கினாலே டிஸ்க் நேராக உட்காராது, வெளி விளிம்பில் ஆட்டம் இன்னும் பெரிதாகும், ஓட ஓட பிரேக் பேட் ஒரே இடத்தைத் தேய்த்துத் தேய்த்து மெலிய வைத்துவிடும். புது டிஸ்க் போட்டு சில ஆயிரம் கிலோமீட்டரிலேயே மறுபடி நடுங்குகிற வண்டிகளில் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். ஹப் முகத்தைக் கம்பி பிரஷ்ஷால் பளபளவென்று தேய்த்துவிட்டு மாட்டுங்கள். இன்னொன்று, கிளம்பும்போது நன்றாக இருந்து கொஞ்ச நேரம் ஓடிய பிறகு பிரேக்கைத் தொடாமலே நடுக்கம் வந்தால், பேடை டிஸ்க்கின் மேல் அழுத்தும் கேலிப்பர் இறுகியிருக்கலாம். வண்டியை நிறுத்தி, தொடாமல் ரிம்முக்குப் பக்கத்தில் மட்டும் கையைக் கொண்டுபோங்கள், ஒரு பக்கம் மட்டும் அனல் அடித்தால் அதுதான்.

அப்புறம், மேட்டில் ஏறி இறங்கியதும் ஸ்டியரிங் கையை உதறிக்கொண்டு இடமும் வலமும் வெறிபிடித்த மாதிரி ஆடுவது. ‘டெத் வாபிள்’ என்பார்கள். முன்னால் இரண்டு சக்கரத்தையும் ஒரே கட்டை ஆக்ஸில் பிணைக்கும் வண்டிகளில்தான் இது அதிகம். வந்துவிட்டால் பதறி பிரேக்கை அழுத்தாமல், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அக்ஸிலரேட்டரை விட்டு மெதுவாக வேகத்தைக் குறைத்து ஓரம் கட்டுங்கள்.

என் வண்டிக்கு இது வந்தபோது நான் செய்தது, ஸ்டியரிங் டேம்பரை மாற்றியது. மூன்று வாரம் அமைதி. அப்புறம் அதே இடத்தில், அதே ஆட்டம். டேம்பர் ஆட்டத்தை அமுக்குமே தவிர அதன் காரணத்தைத் தொடாது, இது தெரியாமல்தான் காசைக் கொட்டியிருந்தேன். பிறகு சக்கரம் நான்கும் தரையில் இருக்க, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஹேண்ட்பிரேக் போட்டு, இன்ஜினை ஓடவிட்டு ஒருவரை உட்காரவைத்து ஸ்டியரிங்கைக் கொஞ்சமாக இடமும் வலமும் திருப்பச் சொல்லிவிட்டு நான் முன்னால் படுத்துப் பார்த்தேன். ஸ்டியரிங் திருப்பலைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் டை ராட் கம்பியின் முனைகள் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தன. ஆனால் ஆக்ஸிலைக் குறுக்காகச் சேஸிஸோடு பிணைக்கும் டிராக் பார் இருக்கிறதே, அதன் ஒரு முனையில் போல்ட்டின் தலை ஒவ்வொரு திருப்பலுக்கும் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தது. அதைச் சுற்றி பெயின்ட் உதிர்ந்து பளிச்சென்று ஒரு வளையம், ஓரத்தில் செம்பழுப்புத் தூள். கழற்றியபோது பிராக்கெட்டின் துளை முட்டை வடிவத்தில் இருந்தது. புது போல்ட் போட்டு இறுக்கினால் போதாது, துளையை வெல்டிங் வைத்து நிரப்பி மறுபடி துளைக்க வேண்டியிருந்தது. இப்படித் திருப்பவிட்டுப் பார்க்கும்போது ஒவ்வொரு ஜாயின்ட் மேலும் விரலை வைத்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத ‘டிக்’ விரலுக்குத் தெரியும். நகரும் கம்பிகளுக்கு நடுவே மட்டும் விரலை விடாதீர்கள்.

இதில் எதுவும் சிக்கவில்லை என்றால் சக்கரத்தைத் தூக்கி ஆட்டிப் பாருங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள், ஸ்டாண்டு கட்டாயம். கடிகாரத்தில் 9 மணி, 3 மணி இருக்கும் இடத்தில் இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினால் வரும் ஆட்டம் பெரும்பாலும் டை ராட் பக்கம். 12, 6 என்று மேலும் கீழும் பிடித்தால் வருவது பேரிங்காக இருக்கலாம், சக்கரத்தைச் சஸ்பென்ஷன் கையோடு இணைக்கும் பால் ஜாயின்ட்டாகவும் இருக்கலாம். அப்போது ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் மறைந்தால் பேரிங், மிதித்த பிறகும் இருந்தால் பால் ஜாயின்ட். சஸ்பென்ஷனின் கீழ்க்கையின் மேல் ஸ்பிரிங் உட்கார்ந்திருக்கும் வண்டியில் ஜாக்கியை அந்தக் கையின் அடியிலேயே கொடுக்க வேண்டும், சேஸிஸில் கொடுத்துத் தூக்கினால் ஸ்பிரிங் ஜாயின்ட்டை இறுக்கிப் பிடித்துக்கொள்வதால் தேய்ந்த ஜாயின்ட்கூட நல்லதுபோல் நடிக்கும்.

எல்லாம் முடிந்து சக்கரத்தை மாட்டும்போது நட்டுகளை எதிரெதிராக, நட்சத்திர வரிசையில், டார்க் ரென்ச் (இறுக்கும் விசையை அளக்கும் ரென்ச்) வைத்து வண்டியின் கையேட்டில் உள்ள அளவுக்கு முறுக்குங்கள். காற்றுத் துப்பாக்கியால் ஒரே மூச்சில் இறுக்குவது டிஸ்க்கைக் கோணலாக உட்கார வைத்துவிடும். 80, 100 கிலோமீட்டர் ஓடியதும் இன்னொரு தடவை ரென்ச்சைப் போட்டுப் பாருங்கள். சோதனை ஓட்டத்துக்கு முதலில் நடுங்கிய அதே ரோடு, அதே வேகம், அதே லோடுதான் வேண்டும். வேறு ரோட்டில் ஓட்டிவிட்டுச் சரியாகிவிட்டது என்று நினைத்து நான் ஒருமுறை ஏமாந்திருக்கிறேன்.